கடைசிப் பக்கத்தை மாற்றிவிட்டேன், அண்ணா

அண்ணா,

நீ ப்ளாக் எல்லாம் படிக்கிற ஆள் இல்லை. யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பினால்தான் இது உன்னிடம் வரும். அனுப்புவார்கள். நம் சொந்தக்காரர்கள் அப்படி.

கிளிப் புத்தகம் அச்சுக்குப் போகிறது. போன தீபாவளிக்கு உன் வீட்டுக் கூடத்தில் படங்களைப் பரப்பிக் காட்டினேனே, அந்த 24 பக்கம்தான். கடைசி இரண்டு பக்கம் முழுக்க நீல வானம், ஓரத்தில் திறந்த கூண்டு, தூரத்தில் நகத்தளவு ஒரு பச்சைப் புள்ளி. எடிட்டருக்கு அந்தப் படம்தான் ரொம்பப் பிடித்தது. உன் மகள் மட்டும், "அப்புறம் அது என்ன சாப்பிட்டுச்சு, அத்தை?" என்று கேட்டாள். நீ டிவி சத்தத்தைக் கூட்டினாய்.

1994 பங்குனியில் அந்தக் கூண்டைத் திறந்தது நான். நீ திறந்து போட்டுவிட்டதாக அப்பாவிடம் சொன்னதும் நான். இரண்டும் உனக்குத் தெரியும், ஆனால் என் வாயால் சொன்னதில்லை. அப்பாவைப் பற்றி இங்கே அதற்கு மேல் வேண்டாம். பெரியப்பா வீட்டில் எல்லோரும் படிப்பார்கள்.

கதவைத் திறந்ததும் அது பறக்கவில்லை. அலகால் கம்பியைக் கவ்விக் கவ்வி இறங்கி, முற்றத்துச் சிமெண்ட் தரையில் ஆடி ஆடி நடந்தது. பாதங்கள் இரண்டும் உள்பக்கம் திரும்பியிருந்தன. சூடு பொறுக்காமல் ஒரு காலைத் தூக்கித் தூக்கி வைத்தது. நான் கைதட்டி, "பற, பற" என்றேன். சொன்னது புரிந்த மாதிரி இறக்கையை விரித்தது. நீள இறகுகள் இருக்க வேண்டிய இடத்தில், தேய்ந்த விளக்குமாறு மாதிரி வெறும் காம்புகள். முருங்கை மரத்தில் முதலில் ஒரு காக்கைதான் வந்து உட்கார்ந்தது. மீதியை நான் எழுத வேண்டியதில்லை. பனியனோடு ஓடி வந்து பொறுக்கியது நீதானே.

எனக்கு ஒன்பது வயது. நான் பார்த்த படக்கதைகளில் எல்லாம் கதவு திறந்தால் கிளி பறந்தது. வெட்டிய இறகு நகம் மாதிரி வளராது, அடிக்காம்பு உதிர்ந்து புதிது முளைத்தால்தான் உண்டு என்று எந்தப் புத்தகமும் சொல்லவில்லை. கத்தரிக்கோல் யார் கையில் இருந்தது என்று எழுத மாட்டேன். அம்மா போனில் எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கப் பழகிவிட்டாள்.

உன் முதுகுக்காக மன்னித்துக்கொள். சும்மா எழுதவில்லை, அந்தத் தழும்பை உன் கல்யாணத்தன்று நலங்கு வைக்கும்போது பார்த்தேன்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். மொட்டைத் தென்னையில் ஏறியது யார்? பொந்துக்குள் முழங்கை வரை விட்டு மூன்று குஞ்சுகளையும் எடுத்தாய். கண் திறக்காத இரண்டும் செருப்புப் பெட்டியிலேயே செத்தன. தாயும் தகப்பனும் சாயங்காலம் வரை ஓட்டுக்கு மேலே கத்திக்கொண்டு சுற்றின. அதற்கு உன்னை யாராவது ஒரு வார்த்தை சொன்னார்களா? 'கிளி பிடிச்சிருக்கான்' என்று தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972-லேயே வந்துவிட்டது, நம் தெருவுக்குத்தான் வரவில்லை. அதிலும் எந்த ஊரில்! ஆண்டாளுக்குத் தினமும் மரவள்ளி இலையில் கிளி கட்டி, மாதுளம்பூவில் அலகு வைக்கிற ஸ்ரீவில்லிபுத்தூரில். நமக்கு மட்டும் உயிரோடு வேண்டியிருந்தது.

சரி, கோபப்படாதே. மிளகாய்ப் பழத்தை விதை நீக்கி ஊட்டி அந்த ஒன்றைப் பிழைக்க வைத்ததும் நீதான். ராத்திரி இரண்டு தடவை எழுந்திருப்பாய். இதையும் இங்கே எல்லோரும் படிக்கட்டும்.

வானத்தை எடுத்துவிட்டேன். எடிட்டருக்கு வருத்தம்தான். புதுப் பக்கத்தில் ஒரு பையன் தென்னையில் ஏறிப் பொந்துக்குள் எட்டிப் பார்க்கிறான். உள்ளே மூன்று குஞ்சு. அடுத்த படத்தில் வெறுங்கையோடு இறங்குகிறான், தொடையெல்லாம் சிராய்ப்பு. நடக்காத கதைதான், தெரியும். இருந்தாலும் உன் மகள் கேட்ட கேள்விக்கு இதில் வேலை இல்லை. ஊட்டத் தாய்க்கிளி வரும்.

முகத்தை உன் ஜாடையில் வரையவில்லை, பயப்படாதே. பொத்தான் இல்லாமல் ஊசி குத்திய கால்சட்டை மட்டும் உன்னுடையது. அது காக்கியா, நீலமா? எனக்கு ஞாபகம் இல்லை. வெள்ளிக்கிழமைக்குள் சொல்.