பானெட் குளிர்ந்திருக்க வேண்டும்

அன்பு மகளுக்கு,

இங்கே நாங்கள் நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நீ கார் வாங்கப் போகிறாய் என்பதை அம்மா நேற்று இரவு சொன்னாள். ஏழு வருடம் ஓடிய டீசல் ஹேட்ச்பேக், இரண்டாவது உரிமையாளர் விற்கிறார், ஓடோமீட்டரில் 84,000 கிலோமீட்டர் இருக்கிறது, சனிக்கிழமை காலை பார்க்கப் போகிறாய் என்பது வரைக்கும் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. பத்து நாட்களாக நீங்கள் இருவரும் இதைப் பற்றிப் பேசி வந்திருக்கிறீர்கள் என்பதும் பிறகுதான் எனக்குத் தெரிந்தது. குறையாகச் சொல்லவில்லை. வண்டி விஷயம் என்றால் என்னிடம் முதலில் கேட்பாய் என்று நினைத்திருந்தேன், அவ்வளவுதான்.

ஃபோனில் பேசினால் நான் குரலை உயர்த்திவிடுவேன், நீ "சரிப்பா" என்று சொல்லி முடித்துவிடுவாய். ஆகவே எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

நீ போய்ச் சேர்ந்ததும் முதல் வேலையாக, விற்பவரிடம் பேச்சு கொடுப்பதற்கு முன்பே, பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார். அது குளிர்ந்திருக்க வேண்டும். டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. காற்றை நசுக்கி நசுக்கிச் சூடேற்றி, அந்தச் சூட்டிலேயே எரிபொருளைப் பற்றவைக்கிறது. பெட்ரோல் எஞ்சினில் 10 பங்கு காற்று ஒரு பங்காகச் சுருங்குகிறது என்றால், டீசலில் 16 பங்கு ஒரு பங்காகச் சுருங்கி, வெப்பம் 500 டிகிரி செல்சியஸைத் தாண்டும். சிலிண்டரோ பிஸ்டன் ரிங்கோ தேய்ந்திருந்தால் காற்று கசியும், சூடு போதாது, குளிர்ந்த எஞ்சின் கிளம்ப அடம்பிடிக்கும். கிளப்பும் முன் சிலிண்டரைச் சூடேற்றும் க்ளோ பிளக் பழுதானாலும் அப்படித்தான். அதே எஞ்சின் ஏற்கெனவே சூடாகியிருந்தால், இந்த நோய்களில் ஒன்றுகூட வெளியே தெரியாது, சாவியைத் தொட்டதும் சமர்த்தாகக் கிளம்பிவிடும். ஆகவே பானெட்டைத் தொட்டுப் பார். சூடாக இருந்தால், இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடு.

உன் சொந்தச் சம்பளத்தில் சேர்த்து வாங்குகிறாய் என்று அம்மா சொன்னபோது எனக்கு இருந்த மகிழ்ச்சியை நான் அவளிடம்கூடக் காட்டவில்லை. முதல் தேர்விலேயே ஓட்டுநர் உரிமம் எடுத்தவள் நீ. நான் இரண்டாவது முறைதான் எடுத்தேன் என்பது உனக்குத் தெரியும். ஆனாலும், எதற்கு டீசல் என்று ஒரு வார்த்தை கேட்கத் தோன்றுகிறது. உன் அலுவலகம் நான்கு கிலோமீட்டர் தூரத்தில்தான் இருக்கிறது. டீசல் வண்டி கொடுக்கும் மைலேஜ் எல்லாம் நீண்ட தூரம் ஓட்டுபவனுக்குத்தான். அந்த வயது வண்டியில் புகையிலுள்ள கரித்துகளைப் பிடித்து வைக்கும் டிபிஎஃப் என்ற வடிகட்டி இருக்கலாம். பிடித்து வைத்த கரியை அது அவ்வப்போது 600 டிகிரியை ஒட்டிய சூட்டில் எரித்துத் தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ள வேண்டும். எஞ்சின் நன்றாகச் சூடேறி, சீரான வேகத்தில் பதினைந்து இருபது நிமிடமாவது தொடர்ந்து ஓடினால்தான் அது நடக்கும். நான்கு கிலோமீட்டர் போய் நிறுத்தி, மாலையில் நான்கு கிலோமீட்டர் திரும்பி நிறுத்தினால், கரி சேர்ந்துகொண்டே போகும். எரிக்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்தப்பட்டால், அதற்கென்று கூடுதலாகத் தெளித்த டீசல் சிலிண்டர் சுவர் வழியாக எஞ்சின் ஆயிலில் இறங்கிவிடும். ஆகவே ஆயில் குச்சியை உருவிப் பார்க்கும்போது அளவு குறைந்திருக்கிறதா என்று மட்டும் பார்க்காதே. மேல் கோட்டைத் தாண்டி ஏறியிருந்தாலும் அது கெட்ட அறிகுறிதான். சிலர் அடைத்துப்போன வடிகட்டியின் உட்பகுதியையே இடித்து எடுத்துவிட்டு, வெறும் கூட்டை மாட்டி வைத்திருப்பார்கள். பல நாடுகளில் அது சட்டப்படி குற்றம். சைலன்சர் குழாயின் வாய்க்குள் விரலை விட்டுத் துடைத்துப் பார். வடிகட்டி நல்லபடியாக இருந்தால் விரல் பெரும்பாலும் சுத்தமாகவே வரும், மை போலக் கரி ஒட்டினால் விலகிவிடு.

அப்படியும் டீசல்தான் வேண்டும் என்றால், இரண்டு வாரத்துக்கு ஒரு முறையாவது அதை நெடுஞ்சாலையில் ஒரு நல்ல ஓட்டம் ஓட்டியாக வேண்டும். நம் வீட்டுக்கு வரும் தூரம் அதற்குச் சரியாக இருக்கும். வண்டிக்காகத்தான் சொல்கிறேன்.

பழைய டீசலைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் இன்றைய வண்டிக்கு அப்படியே பொருந்தாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 1997-இல் ஆல்ஃபா ரோமியோ 156-இல் முதன்முதலாகக் காமன் ரெயில் முறை, அதாவது ஒரே பொதுக் குழாயிலிருந்து எல்லா சிலிண்டருக்கும் உயர் அழுத்தத்தில் டீசலைக் கொடுக்கும் முறை, பயணிகள் காருக்கு வந்தது. அதற்குப் பிறகு வந்த டீசல்களில் எரிபொருள் ஆயிரம் பாருக்கு (பார் என்பது அழுத்தத்தை அளக்கும் அலகு) மேற்பட்ட அழுத்தத்தில், அதைத் தெளிக்கும் இன்ஜெக்டருக்குப் போகிறது. உன் டயரில் இருக்கும் காற்று 2 பாரைச் சற்றே தாண்டும் என்று வைத்துப் பார்த்தால் அந்த அழுத்தம் எவ்வளவு என்பது புரியும். அந்த அளவு நுணுக்கமான பாகங்களுக்குத் தண்ணீர் கலந்த டீசலும் அழுக்கு ஃபில்டரும் எமன். நீ பழகியது பெட்ரோல் வண்டியில். பங்க்கில் அவசரத்தில் பெட்ரோல் போட்டுவிட்டால், சாவியையே திருப்பாதே, வண்டியைத் தள்ளி ஓரம் கட்டி டேங்கைக் காலி செய்யச் சொல். டீசல்தான் பம்ப்புக்கு மசகும்கூட. பெட்ரோல் அதைக் கழுவித் தள்ளிவிடும்.

குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பும்போது சாவியை ஒரே மூச்சில் திருப்பக் கூடாது. டாஷ்போர்டில் சுருள் கம்பி போன்ற க்ளோ பிளக் விளக்கு அணையும்வரை காத்திருந்து பிறகு திருப்பு. அந்த நேரத்தில் ஒருவரைப் பின்னால் நிறுத்திப் புகையைப் பார்க்கச் சொல். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. கறுப்பு என்றால் காற்று போதவில்லை அல்லது டீசல் அதிகமாகப் போகிறது. வெள்ளைப் புகை குளிரில் சிறிது நேரம் வந்து மறைந்தால் பரவாயில்லை, நிற்காமல் வந்தால் டீசல் எரியாமல் போகிறது, அல்லது கூலன்ட் உள்ளே கசிகிறது. நியூட்ரலில் ஓடும்போது கடகடவென்ற சத்தம் கேட்டு, கிளட்சை மிதித்ததும் அது நின்றுவிட்டாலோ மாறிவிட்டாலோ மெக்கானிக்கிடம் ஃப்ளைவீலை, அதாவது கிளட்சை ஒட்டி எஞ்சினோடு சுழலும் கனமான சக்கரத்தை, பார்க்கச் சொல். அது பெரிய செலவு. வால்வுகளை இயக்கும் டைமிங் பெல்ட் உள்ள எஞ்சினாக இருந்தால், எத்தனை கிலோமீட்டரில், எத்தனை வருடத்தில் மாற்ற வேண்டும் என்று தயாரிப்பாளரின் கையேட்டில் இருக்கும். மாற்றிவிட்டேன் என்று வாயால் சொல்வதை நம்பாதே, ரசீதைக் காட்டச் சொல். பெல்ட் அறுந்து மாமாவின் வண்டிக்கு என்ன ஆனது என்பதை நான் மறுபடியும் எழுத வேண்டியதில்லை.

84,000 என்ற எண்ணையும் அப்படியே எடுத்துக்கொள்ளாதே. பிரேக் பெடலின் ரப்பர் வழுவழுப்பாகித் தேய்ந்திருக்கிறதா, ஸ்டீயரிங்கில் கை பிடிக்கும் இடம் பளபளக்கிறதா, ஓட்டுநர் சீட்டின் இறங்கும் பக்கத்து ஓரம் நைந்திருக்கிறதா என்று பார். எண்ணைக் குறைக்கத் தெரிந்தவனுக்குப் பெடலின் தேய்மானத்தை மறைக்கத் தோன்றுவதில்லை. சர்வீஸ் ரசீதுகளில் தேதியும் கிலோமீட்டரும் வரிசையாக ஏறி வருகின்றனவா என்றும் சரிபார். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 3519 என்றால் 2019-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரத்தில் செய்தது என்று பொருள். சேசிஸ் எண்ணைப் பதிவுச் சான்றோடு ஒப்பிடு, வண்டியின் மேல் கடன் பாக்கி இருக்கிறதா என்று கேள். இதெல்லாம் உனக்குத் தெரிந்திருக்கலாம். தெரிந்திருந்தாலும் பார். எல்லாவற்றுக்கும் முன்னால் பானெட்டைத் தொட்டுப் பார்.

ஓட்டுவதைப் பற்றி ஒன்றே ஒன்று. டீசலில் டர்போ, எஞ்சின் நிமிடத்துக்கு 2,000 சுற்றுக்கு அருகே வரும்போது, திடீரென்று பின்னாலிருந்து தள்ளுவது போல இழுக்கும். பெட்ரோல் வண்டியில் பழகிய காலுக்கு அது புதிது. ஈரமான சாலையிலும், வளைவிலும், முந்திப் போகும்போதும் பார்த்து மிதி. இரவில் தனியாக நீண்ட தூரம் வராதே, பகலிலேயே வா.

இன்ஷூரன்ஸ் இளம் ஓட்டுநருக்கு அதிகமாக வருகிறது என்று, என்னை முதன்மை ஓட்டுநராகவும் உன்னைக் கூடுதல் ஓட்டுநராகவும் எழுதிவிடலாம் என்று அம்மா யோசனை சொன்னாளாம். அவள் நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள். ஆனால் தினமும் ஓட்டப் போவது நீ. அதை மறைத்தால், நாளைக்கு ஏதாவது ஒன்று நடந்து இழப்பீடு கேட்கும்போது நிறுவனம் கையை விரித்துவிட இடமுண்டு. கூடுதலாகப் போகும் தொகையை, நீ ஒப்புக்கொண்டால், முதல் வருடம் நான் தருகிறேன். பொய் சொல்லி அந்த வண்டியைச் சாலையில் இறக்க வேண்டாம்.

இந்த வரியை எழுதிவிட்டு வெகு நேரம் பேனாவை வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். இதைச் சொல்ல எனக்கு யோக்கியதை இருக்கிறதா என்று நீ நினைப்பாய்.

நம் நீல வண்டியை விற்ற நாள் உனக்கு நினைவிருக்கிறதா என்று நான் ஒருபோதும் கேட்டதில்லை. நீ அப்போது ஐந்தாம் வகுப்பு. கடைசி ஒரு வருடமாக அந்த வண்டி காலையில் எப்படிக் கிளம்பும் என்பதை நீதான் என்னைவிட நன்றாக அறிவாய். நீ பின் சீட்டில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாய், நான் நாலு முறை, ஐந்து முறை சாவியைத் திருப்புவேன், பள்ளியில் மணி அடித்திருக்கும். மெக்கானிக் கம்ப்ரஷனை, அதாவது சிலிண்டர் காற்றை எவ்வளவு நசுக்குகிறது என்பதை, அளந்து பார்த்துவிட்டு, ஒரு சிலிண்டர் போய்விட்டது, எஞ்சினைப் பிரித்தாக வேண்டும் என்று சொல்லியிருந்தார். வாங்குபவர் ஒன்பது மணிக்கு வருவதாக இருந்தார். நான் ஏழரை மணிக்கே கிளப்பி, அரை மணி நேரத்துக்கு மேல் நின்ற இடத்திலேயே ஓடவிட்டேன். பிறகு அணைத்துவிட்டு, வண்டியைக் கழுவுவது போலப் பானெட்டின் மேல் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினேன். முதல் வாளியில் தகட்டிலிருந்து மெல்லிய ஆவி எழுந்தது. நான் துணியால் அதை வேகவேகமாகத் துடைத்தேன். நீ படிக்கட்டுக்கு வந்து, "எங்கேப்பா போறோம்?" என்று கேட்டாய். எங்கேயும் இல்லை, உள்ளே போ என்று அதட்டினேன்.

வந்தவன் இருபத்திரண்டு இருபத்துமூன்று வயதுப் பையன். தன் அம்மாவோடு வந்திருந்தான். ஒரே திருப்பில் வண்டி கிளம்பியதும், ஜன்னல் வழியாக அவளைப் பார்த்துச் சிரித்தான். "காலையில ஸ்டார்ட் ஆக தொந்தரவு ஏதாவது உண்டா சார்?" என்று கேட்டான். ஒன்றும் இல்லை என்றேன். நீ உள்ளே போகவில்லை. கதவருகே நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். மூன்று வாரம் கழித்து அந்தப் பையனின் எண்ணிலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. நான் எடுக்கவில்லை. அவன் மறுபடியும் அழைக்கவில்லை.

நீ சின்னப் பிள்ளை, மறந்திருப்பாய் என்றுதான் இத்தனை வருடமும் நினைத்துக்கொண்டேன். பத்து நாளாக வண்டியைப் பற்றிப் பேசியும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று நேற்று தெரிந்தபோதுதான், மறக்கவில்லையோ என்று தோன்றியது. நான் தப்பாக நினைத்திருந்தாலும் பரவாயில்லை. செய்தது உண்மை. அந்தப் பையனின் வயதுதான் இப்போது உனக்கு.

ஆகவே, மேலே பானெட்டைத் தொட்டுப் பார் என்று எழுதியது போதாது. தகடு குளிர்ந்திருந்தாலும், அது ஈரமாகவோ அப்போதுதான் துடைத்ததாகவோ இருந்தால், திறந்து காட்டச் சொல். தண்ணீர் தகட்டைத்தான் குளிர்விக்கும். எஞ்சினின் சூடு ஒரு மணி நேரத்தில் போய்விடாது. எஞ்சினின் பக்கத்தில் கையைத் தொடாமல் கொண்டுபோனாலே சூடு அடிக்கும். கிளப்புவதற்கு முன் சாவியை ஆன் நிலையில் மட்டும் வைத்து, வெப்பநிலை காட்டும் முள் அடியில் இருக்கிறதா என்று பார். விற்பவர் நல்ல மனிதராகத் தெரிகிறார், வீட்டில் குழந்தை இருக்கிறது என்றெல்லாம் பார்க்காதே. எஞ்சினைப் பார்.

சனிக்கிழமை நான் வர வேண்டும் என்று உனக்குத் தோன்றினால் அம்மாவிடம் சொல், முதல் நாளே கிளம்பி வந்துவிடுகிறேன். வேண்டாம் என்றாலும் எனக்கு வருத்தமில்லை. ஆனால் சாவியைத் திருப்பும் நேரத்தில் மட்டும் எனக்கு ஃபோன் போட்டு, பானெட்டைத் திறந்து வைத்து, எஞ்சினுக்கு அருகே யாரையாவது ஃபோனைப் பிடித்துக்கொள்ளச் சொல். நான் ஒன்றும் பேச மாட்டேன். எத்தனை சுற்றில் பிடிக்கிறது என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா