கல்வி உரிமைச் சட்டத்தின் பிரிவு 10-ல் விடுபட்ட மூன்று சொற்கள்: சட்டமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு தமிழ்நாடு சட்டமன்ற உறுப்பினர்கள் 234 பேருக்கும் வணக்கம்.

பொள்ளாச்சிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். என் மகனுக்குப் பதினொன்றரை வயது. மூன்றாம் வகுப்போடு பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டு வீட்டிலேயே படிக்க வைக்கிறோம். அவனுக்குப் பேச்சு கொஞ்சம் திக்கும். வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கச் சொல்லும்போதெல்லாம் நடந்ததை இங்கே விவரிக்கப் போவதில்லை. எந்தப் பள்ளி என்பதும் முக்கியமில்லை.

போன மே மாதம், பள்ளி செல்லாக் குழந்தைகள் கணக்கெடுப்புக்காக இரண்டு ஆசிரியைகள் வீட்டுக்கு வந்தார்கள். நல்ல வெயில். மோர் கொடுத்து உட்கார வைத்தேன். செல்போனில் இருந்த படிவத்தில் 'காரணம்' என்று ஓர் இடம். பையன் வேலைக்குப் போகிறானா, குடும்பம் இடம் பெயர்ந்ததா, உடம்புக்கு முடியவில்லையா, படிப்பில் நாட்டமில்லையா என்று ஒவ்வொன்றாக வாசித்தார்கள். எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன். மூத்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "அப்ப என்னதாங்க போடறது?" என்றார்.

அந்த நேரத்தில் அவன் திண்ணையில் மின் அட்டையை வைத்துக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான். ஆசிரியை எட்டிப் பார்த்து என்ன கணக்கு என்று கேட்டார். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம், அதற்கு மேல் படிப்படியாக விலை ஏறும், ஆனால் 500-ஐத் தாண்டிவிட்டால் கீழ்ப்படிகளின் விலையும் மாறிவிடும், அதனால் அந்த 501-ஆவது யூனிட் மட்டும் இருநூறு ரூபாய்க்கு மேல் ஆகிறது என்று நிறுத்தி நிறுத்திச் சொல்லி முடித்தான். "எங்க வீட்டு பில் ஏன் எகிறுச்சுன்னு இப்பத்தான் புரியுது" என்று அவர் சிரித்தார். கிளம்பும்போது, வேறு வழியில்லாமல், 'படிப்பில் நாட்டமில்லை' என்பதைத் தொட்டுவிட்டுப் போனார்.

அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. தொடுவதற்கு வேறொரு வரி அந்தப் படிவத்தில் இல்லை. அந்த வரியைக் கேட்டுத்தான் இந்த மடல்.

2009-இல் நிறைவேறி 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 10-ஆவது பிரிவு, குழந்தையை அருகமைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது. சேர்க்காத பெற்றோருக்கு அந்தச் சட்டத்தில் தண்டனை எதுவும் இல்லை. ஆக, அந்தச் சட்டத்தின்படி நாங்கள் செய்வது குற்றமும் அல்ல, உரிமையும் அல்ல. தில்லி உயர் நீதிமன்றத்துக்கு ஒரு சிறுமி இதே கேள்வியோடு போனபோது, வீட்டுக் கல்விக்கு இந்தச் சட்டம் குறுக்கே நிற்காது என்று மத்திய அரசு 2012-இல் பதில் சொன்னது. பிறகு அதிலிருந்து பின்வாங்கிவிட்டது. இங்கிலாந்தில் 1944-இல் எழுதிய கல்விச் சட்டம், பள்ளிக்கு அனுப்பியோ 'அல்லது வேறு வகையிலோ' பிள்ளையைப் படிக்க வைப்பது பெற்றோர் கடமை என்றது. அந்தப் பொருள் தரும் மூன்று சொற்கள் நம் சட்டத்தில் இல்லை.

ஆனால் நம் அரசுக்கே இது புதிய விஷயமா என்ன? எட்டாம் வகுப்புத் தேர்வை 12½ வயது நிறைந்த யாரும் தனித்தேர்வராக எழுதலாம் என்று அரசுத் தேர்வுகள் இயக்ககம் ஆண்டுதோறும் அறிவிக்கிறது. அடுத்த வருஷம் அவன் எழுதுவான். ஓர் அலுவலகம் அவனுக்கு நுழைவுச்சீட்டு கொடுக்கும், இன்னொரு அலுவலகம் அவனை இடைநின்றவன் என்று எழுதி வைத்திருக்கும். கடுமையான மாற்றுத்திறன் உள்ள குழந்தைகள் வீட்டிலிருந்தே படிக்கலாம் என்று 2012-இல் மத்தியச் சட்டத்தையே திருத்தினார்கள். கொரோனாவுக்குப் பிறகு 2021-இல் நம் மாநிலம் தன்னார்வலர்களை இல்லம் தேடி அனுப்பியது. எங்கள் தெருவிலும் ஒரு வீட்டு வாசலில், சாயங்காலம் பாய் விரித்து வகுப்பு நடந்தது.

இப்போது கஷ்டமான இடத்துக்கு வருகிறேன். தமிழ்நாட்டில் 'வீட்டிலிருந்து படிப்பு' என்று சொன்னால் பெரியவர்களுக்கு 1953 ஞாபகம் வரும். வர வேண்டியதுதான். பாதி நாள் பள்ளி, பாதி நாள் வீட்டில் அப்பாவின் தொழில் என்று ராஜாஜி கொண்டுவந்த திட்டத்தைக் குலக்கல்வி என்று சொல்லித்தான் இந்த மாநிலம் எதிர்த்து நின்றது. 1954-இல் காமராசர் முதல்வரானதும் அதைத் தூக்கிப் போட்டார்.

என் அப்பா அப்போது எட்டு வயதுப் பையன். தாத்தா சலவைத் தொழிலாளி. "பாதி நாள் சிலேட்டு, பாதி நாள் வெள்ளாவி" என்று அந்த ஒரு வருஷத்தைப் பற்றி அப்பா சொல்வார். காலையில் கூட்டல் கணக்கு போட்ட அதே கையால் மத்தியானம் கவுண்டர் வீட்டு வேட்டியைப் பிழிந்தவர். திட்டம் ஒழிந்து, முழு நாளும் பள்ளியில் உட்கார்ந்து, பிறகு அஞ்சல் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பேரனைப் பள்ளியிலிருந்து நிறுத்தியதைச் சொன்ன அன்று, "மறுபடியும் வெள்ளாவிக்கா?" என்று ஒரே வார்த்தைதான் கேட்டார். ஒரு மாதம் என்னோடு பேசவில்லை.

அப்புறம் அவரே ஒரு நிபந்தனை போட்டார்: "வருஷத்துக்கு ஒரு தடவையாவது வெளியாள் ஒருத்தர் வந்து இவனைப் பாக்கணும். நீ சொல்றதைக் கேக்கக் கூடாது. இவன்கிட்ட பேசணும்." உங்களிடம் நான் கேட்கும் சட்டம் கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

வீட்டில் படிக்க வைக்கும் பெற்றோர் ஒவ்வொரு ஜூனிலும் வட்டாரக் கல்வி அலுவலரிடம் எழுதிக் கொடுக்க வேண்டும். பிள்ளைக்கு எமிஸ் எண் (பள்ளிக் கல்வித் துறையின் கணினிப் பதிவில் ஒவ்வொரு மாணவருக்கும் தரும் எண்) வேண்டும், அந்தப் பதிவில் 'வீட்டில் படிக்கிறார்' என்று ஒரு வகை வேண்டும். ஆண்டுக்கு ஒரு நாள், பக்கத்து அரசுப் பள்ளி ஆசிரியர் ஒருவர் பிள்ளையோடு உட்கார்ந்து பேசி, நோட்டுகளைப் பார்த்து, ஒரு பக்கம் எழுதி வைக்க வேண்டும். மதிப்பெண் போடச் சொல்லவில்லை. பையன் பட்டறையில் நிற்கிறான், பெண் பிள்ளைக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் அனுமதியை அன்றே ரத்து செய்து பள்ளியில் சேர்க்கட்டும். அந்தக் கண்டிப்பு இல்லாத சட்டம் எனக்கும் வேண்டாம். இன்றைக்கு நிலைமை என்ன தெரியுமா? பிள்ளையை வேலைக்கு அனுப்பும் வீடும் என் வீடும் அந்தப் படிவத்தில் ஒரே பட்டியலில்தான் இருக்கின்றன. யாரைத் தேடிப் போக வேண்டும், யாரை விட்டுவிடலாம் என்று அந்த ஆசிரியைகளுக்கே தெரியாது.

அவன் நாளைக்கே பள்ளிக்குப் போகிறேன் என்றால், வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும் என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 4-ஆவது பிரிவு ஏற்கெனவே சொல்கிறது. மாற்றுச் சான்றிதழ் எங்கே, நடுவில் மூன்று வருஷம் எங்கே போனான் என்று கேட்டுத் திருப்பி அனுப்பாமல் இருந்தால் போதும்.

காசு கேட்கவில்லை. இலவச சைக்கிளும் வேண்டாம், அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடும் வேண்டாம். அதெல்லாம் வகுப்பறைக்குப் போகிற பிள்ளைகளுக்கு உரியது. (எல்லாப் பாடத்தையும் தமிழிலேயே படிக்கும் இவனுக்கு, பள்ளிச் சான்றிதழ் இல்லாததால் அரசு வேலையில் தமிழ் வழியில் படித்தோருக்கான 20 சதவீத ஒதுக்கீடும் கிடைக்காது. சரி, அது வேறு சண்டை.) எல்லோரும் இப்படிச் செய்யுங்கள் என்றும் சொல்ல மாட்டேன். நான் வீட்டிலேயே தைக்கிறேன், அப்பாவுக்கு ஓய்வூதியம் வருகிறது, அதனால் முடிகிறது. எங்கள் தெருவில் பத்து வீட்டில் ஒன்பது வீட்டுக்குப் பள்ளிதான் சரி. மத்தியானச் சோறும் அங்கேதான்.

உங்களால் முடியுமா என்றால், முடியும். 1976-இன் அரசியல் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு கல்வி, மத்திய அரசும் மாநில அரசும் சட்டம் போடக்கூடிய பொதுப்பட்டியலில் இருக்கிறது. 10-ஆவது பிரிவுக்கு மாநிலத் திருத்தம் கொண்டுவந்தால் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் வேண்டும், அந்தப் பாதை எவ்வளவு நீளம் என்று நீட் மசோதாவில் பார்த்துவிட்டீர்கள். அது நடக்கிறபோது நடக்கட்டும். அதுவரை, வீட்டில் படிக்கும் பிள்ளையின் பெயரை அருகமை அரசுப் பள்ளியின் பதிவேட்டிலேயே தனி வகையாக எழுதிக்கொள்ள, இந்தச் சட்டத்துக்கான 2011-இன் தமிழ்நாடு விதிகளில் வழி செய்ய முடியுமா என்று பாருங்கள். பள்ளிக் கல்வி மானியக் கோரிக்கை வரும் நாளில் உங்களில் ஒருவர் எழுந்து கேட்டாலே அமைச்சர் பதில் சொல்லியாக வேண்டும். அது அவைக் குறிப்பில் ஏறும்.

கேட்பதற்கு முன் நேரில் பார்க்க வேண்டுமென்றால், எந்தக் கட்சிக்காரரானாலும் வீட்டுக்கு வாருங்கள். காலை பத்து மணிக்கு மேல் வந்தால் நல்லது. அதற்கு முன் அவன் தாத்தாவோடு ஆட்டுக்குத் தழை ஒடிக்கப் போயிருப்பான். அது வேலை அல்ல, ஆடுகளிடம் பேசும்போது அவனுக்குத் திக்குவதில்லை, அதனால் போகிறான். நான் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். அவனிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு தாய்,
பொள்ளாச்சி வட்டம்