ஹெட்செட்டில் பாட்டு கேட்கிறது, வீட்டுக்காரம்மா குரல் கேட்கவில்லை

திறந்த மூலக் கைப்பேசிகளுக்கு மென்பொருள் எழுதுகிறவர்களுக்கும் அதைத் தொகுத்து வெளியிடுகிறவர்களுக்கும்,

வணக்கம். மலேசியாவில் சிலாங்கூர் மாநிலம் பெஸ்தாரி ஜெயாவில் கைப்பேசி பழுது பார்க்கும் சின்னக் கடை ஒன்று வைத்திருக்கிறேன். பெஸ்தாரி ஜெயா என்பது சாலைப் பலகையில் உள்ள பெயர். ஊர்க்காரர்களுக்கு இது இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். இந்த நாட்டில் வியாபாரத்துக்காகச் செம்பனையை, அதாவது எண்ணெய்ப்பனையை, முதன்முதலில் நட்ட தோட்டம் எங்கள் பக்கத்தில் இருக்கிறது. நட்டது 1917இல், தோட்டத்தின் பெயர் தென்னமரம். பெயர் தென்னை, நின்றது செம்பனை. எந்தப் போனில் எது வேலை செய்யும் என்று நீங்கள் வெளியிடும் பட்டியலில் 'புளூடூத்: வேலை செய்கிறது' என்று பச்சை அடையாளம் போட்டிருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் தோட்டத்தின் பெயர்தான் ஞாபகத்துக்கு வருகிறது.

நான் எதைப் பற்றி எழுதுகிறேன் என்று உங்களுக்கு இப்போதே புரிந்திருக்கும். உங்கள் மென்பொருள் ஓடும் போனில் புளூடூத் ஹெட்செட் இணைகிறது. பாட்டு ஓடுகிறது. அழைப்பு வந்தால் மட்டும் காதில் ஒன்றும் கேட்பதில்லை. இதை வருடக்கணக்காக ஆளாளுக்குச் சொல்லிவிட்டார்கள். நானும் இரண்டு முறை பணிவாக எழுதினேன். மூன்றாவது முறையாக எழுத வைத்தது போன மாதம் நடந்த ஒரு சம்பவம்.

என் கடைக்குப் பழ லோரி ஓட்டும் அண்ணன் ஒருவர் வருவார். தோட்டத்திலிருந்து செம்பனைக் குலையை ஆலைக்கு ஏற்றிப் போகிற வேலை. குலை அறுத்து 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போய்ச் சேர வேண்டும். தாமதமானால் எண்ணெயில் அமிலம் ஏறும், விலை இறங்கும். அதனால் அவருக்கு நாள் முழுக்க அழைப்பு வந்தபடி இருக்கும். மண்டோர், அதாவது தோட்டத்து மேற்பார்வையாளர், கூப்பிட்டு எட்டாம் பிளாக்கில் இன்னும் அரை லோரி கிடக்கிறது என்பார். ஆலையிலிருந்து வரிசை நீளம், மெதுவாக வா என்பார்கள். கையில் போனைப் பிடித்துப் பேசிக்கொண்டே ஓட்டினால் 300 ரிங்கிட் சம்மன். அதுவும் சரியான சட்டம்தான், நான் குறை சொல்லவில்லை. ஆகவே அவருக்கு ஹெட்செட் என்பது பொழுதுபோக்குச் சாமான் கிடையாது, ஸ்டீயரிங் மாதிரி தொழிலுக்கு வேண்டிய பொருள்.

அவருடைய பழைய போனைத் தயாரித்தவர்கள் கைகழுவி நாளாகிவிட்டது. புதுப்பிப்பு இல்லை, பாதுகாப்புத் திருத்தம் இல்லை, தொட்டால் சூடு. "அண்ணே, என்னிடம் ஒன்று இருக்கு. லினக்ஸில் ஓடுது, இன்னும் பல வருசத்துக்குக் கவலை இல்லை" என்று, உங்கள் திறந்த மூல மென்பொருள் ஓடும் போன் ஒன்றைக் காட்டி நான்தான் ஆசை காட்டினேன். புலனம் (வாட்ஸ்அப்) எல்லாம் வீட்டுக்காரம்மா, அதாவது மனைவி, போனில் இருக்கிறது, தனக்குப் பேசக் கிடைத்தால் போதும் என்றார் அவர். பேசுவதற்குத்தானே போன்? நம்பிக் கொடுத்தேன். பட்டியலில் பச்சை அடையாளம் வேறு இருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம், நல்ல மழை. ஈஜோக் சாலையில் முழுப் பாரத்தோடு வந்துகொண்டிருக்கிறார். காதில் மணி அடிக்கிறது. ஹெட்செட் பொத்தானை அழுத்துகிறார், மணி நிற்கிறது. அப்புறம் ஒரு சத்தமும் இல்லை. அழைப்பு எடுபட்டுவிட்டது, குரல் மட்டும் டேஷ்போர்டுப் பெட்டிக்குள், எடைச் சீட்டுகளுக்கு அடியில் கிடந்த போனிலேயே தங்கிவிட்டது. அந்தப் பக்கத்தில் வீட்டுக்காரம்மாவுக்கு லோரி எஞ்சின் உறுமுவது மட்டும் கேட்டிருக்கிறது. "ஹலோ, ஹலோ" என்று கத்திப் பார்த்து வைத்துவிட்டு மறுபடி அடித்திருக்கிறார். மூன்று முறையும் இதே கதி. அந்தச் சாலையில் மழையில் அந்தப் பாரத்தோடு ஓரங்கட்ட இடம் கிடையாது. ஆலைக்குள் நுழைந்த பிறகுதான் போனை வெளியே எடுத்திருக்கிறார்.

விஷயம் இதுதான்: பள்ளி வேன் பழுதாகிவிட்டது, வழியில் பையனை ஏற்றிக்கொண்டு வரச் சொல்லித்தான் அந்த மூன்று அழைப்பும். தமிழ்ப்பள்ளி வாசலை அவர் கடந்து வந்தே முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. இரண்டாம் ஆண்டுப் பையன், ஜாகா (பள்ளிக் காவலாளி) குடிசையில் புத்தகப் பையை மடியில் வைத்துக்கொண்டு ஆறரை மணி வரைக்கும் உட்கார்ந்திருந்தான். ஜாகா ஒரு மைலோ பொட்டலம் வாங்கிக் கொடுத்திருக்கிறார். பையன் அதைக் குடிக்காமல், அப்பா வந்ததும் கொடுக்கலாம் என்று கையிலேயே பிடித்து வைத்திருந்தானாம்.

மறுநாள் காலையில் அண்ணன் கடைக்கு வந்தார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். போனைக் கண்ணாடி மேசைமேல் வைத்து, "தம்பி, எனக்கு அந்தப் பழசையே கொடுத்துடுப்பா" என்றார். அவ்வளவுதான். நான் கொடுத்த சூடான கோப்பியைக்கூடக் குடிக்கவில்லை.

இப்போது உங்களிடம் வருகிறேன். ஏன் இப்படி ஆகிறது என்று எனக்கு ஓரளவு தெரியும், முட்டாள்தனமாகக் கத்துகிறேன் என்று நினைக்க வேண்டாம். பாட்டு போகிற வழி வேறு, பேச்சு போகிற வழி வேறு. பாட்டு ஏ2டிபி என்ற புளூடூத் முறை வழியாக ஒரு பக்கமாக மட்டும் ஓடுகிறது. பேச்சுக்கு எச்எஃப்பி என்ற இன்னொரு முறை வேண்டும், இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் ஓட வேண்டும். அதைவிட, பாட்டு போனின் பிராசசரிலிருந்து பிறக்கிறது. அழைப்பின் குரலோ தொலைபேசிக் கோபுரத்தோடு பேசும் மோடம் சில்லில் பிறந்து, பல போன்களில் பிராசசரை எட்டிக்கூடப் பார்க்காமல் நேராக ஒலிச் சில்லுக்குள் போய் விழுகிறது. அதைப் புளூடூத் பக்கம் திருப்பிவிட யாராவது தோட்டத்தில் பாரிட் (வாய்க்கால்) வெட்டுவதுபோல வெட்டிவிட வேண்டும். அந்தப் பாரிட்தான் வெட்டப்படவில்லை.

பொத்தான் மட்டும் வேலை செய்ததற்கும் காரணம் தெரியும். அழுத்தினால் ஹெட்செட், அழைப்பை எடு என்று சொல்லும் 'ஏடிஏ' என்ற மூன்றே எழுத்து அனுப்புகிறது. 1981இல், கணினியைத் தொலைபேசிக் கம்பியில் இணைத்த ஹேஸ் மோடத்துக்காகப் பிறந்த கட்டளை மொழி, இன்னும் உழைக்கிறது. அந்தக் கிழவன் தன் வேலையைச் செய்துவிட்டான். சாமி வரம் கொடுத்துவிட்டது, பூசாரிதான் கொடுக்கவில்லை.

பழைய கதையும் தெரியும். 2012 டிசம்பரில் லினக்ஸின் புளூடூத் மென்பொருளான புளூஸெட் 5 வந்தபோது, அழைப்புப் பேச்சுக்கான பகுதி அதிலிருந்து கழற்றி வெளியே வைக்கப்பட்டது. ஓஃபோனோ போன்ற தொலைபேசி மென்பொருள் அதைப் பார்த்துக்கொள்ளட்டும் என்றார்கள், அதில் நியாயமும் இருந்தது. பிறகு பல போன்கள் ஓஃபோனோவை விட்டு மோடத்தைப் பார்த்துக்கொள்ளும் மோடம்மேனேஜர் பக்கம் போயின. ஒலியைப் பார்த்துக்கொள்ளும் பல்ஸ்ஆடியோ உட்கார்ந்திருந்த நாற்காலிக்குப் பைப்வயர் வந்தது. வீடு மாறும்போது ஒரு பெட்டி எந்த வீட்டுக்கும் போய்ச் சேராமல் ஐந்தடியில் (கடை முன் நடைபாதையில்) கிடக்குமே, அதுபோலக் கிடக்கிறது இந்த வேலை. ஒலி பார்ப்பவரைக் கேட்டால் மோடம் பார்ப்பவரைக் கேள் என்கிறார். அவர் லினக்ஸின் அடித்தளமான கேர்னலைக் காட்டுகிறார். கேர்னல் பார்ப்பவர், உன் போனுக்கு யார் பொறுப்போ அவரைக் கேள் என்கிறார். அந்தப் பொறுப்பாளர் எட்டு மாதமாகப் பதில் போடவில்லை.

இந்தச் சுற்று எங்களுக்குப் புதிதில்லை. தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வீட்டு வரிசையில்) குழாய் உடைந்தால் நிர்வாகம் குத்தகைக்காரரைக் கைகாட்டும். குத்தகைக்காரர் தலைமை அலுவலகத்தைக் கைகாட்டுவார். தலைமை அலுவலகத்தில் படிவம் நிரப்பச் சொல்வார்கள், படிவம் தீர்ந்துவிட்டது என்பார்கள். மூன்று தலைமுறையாக நாங்கள் கவுண்டர் மாறி நின்று பழகியவர்கள். அதனால்தான் கேட்கிறேன், சம்பளம் வாங்காமல் ஆசைக்கு வேலை செய்கிற உங்களுக்கு இந்தக் கவுண்டர் பழக்கம் எங்கிருந்து வந்தது?

மன்னிக்கவும், பேச்சு எங்கேயோ போய்விட்டது.

"குறை சொல்வதை விட்டு நீங்களே திருத்தி எழுதி அனுப்புங்கள், வரவேற்கிறோம்" என்று எனக்கு ஒரு பதில் வந்தது. நல்ல பதில்தான். எனக்கு ஈயம் வைத்து ஒட்டத் தெரியும், சில்லை மாற்றத் தெரியும். கேர்னல் எழுதத் தெரியாது. ஸ்பீக்கர் போன போனோடு என் கடைக்கு வருகிற பாட்டியிடம் சோல்டரிங் கம்பியை நீட்டி, "பாட்டி, நீங்களே ஒட்டிக்குங்க, வரவேற்கிறேன்" என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. சொன்னால் கடைத்தெருவில் நடமாட முடியாது.

வயர் ஹெட்செட் போடச் சொன்னார் இன்னொருவர். அதையும் போட்டுப் பார்த்தோம். கியர் மாற்றும்போது வயர் கம்பியில் மாட்டிக்கொண்டு, போன் பெட்டியிலிருந்து பறந்து பிரேக் மிதியடியில் விழுந்தது. அதற்குமேல் அதைப் பற்றிப் பேச வேண்டாம்.

உங்கள் உழைப்பை மதிக்காதவன் என்று நினைத்துவிடாதீர்கள். 2008இல் ஃப்ரீரன்னர் என்ற திறந்த மூலக் கைப்பேசி வந்த காலத்திலிருந்து இதைத் தூரத்தில் நின்று பார்த்து வருகிறேன். ஒலி அமைப்புக் கோப்பைக் கையால் திருத்தி, அந்தப் பக்கத்து ஆளுக்கு எதிரொலி போகாமல் பேசுவதே சாதனையாக இருந்த காலம் அது. இங்கே 2021 கடைசியில் 3ஜியை மூடியபோது, எங்கள் பழைய போன்களெல்லாம் அழைப்பு வந்தால் 2ஜிக்கு இறங்கிப் போய்ப் பேசின. அதையும் பொறுத்துக்கொண்டோம். கேமரா மங்கலாக இருந்தது, பொறுத்தோம். பேட்டரி மதியம் பசியாறுவதற்குள் தீர்ந்தது, கூடவே பவர்பேங்க் கட்டிக்கொண்டு பொறுத்தோம். போன மாதப் புதுப்பிப்பில் ஐகான் ஓரங்களை இன்னும் கொஞ்சம் உருட்டியிருந்தீர்கள், அழகாக இருந்தது. ஆனால் 2009இல் வந்த நோக்கியா என்900கூட லினக்ஸில் ஓடிய போன்தான். உள்ளே சில பாகங்கள் திறந்த மூலம் இல்லை என்பது தெரியும், சண்டைக்கு வர வேண்டாம். அதில் புளூடூத் ஹெட்செட்டில் பேச முடிந்தது. டென்மார்க்கையும் நார்வேயையும் ஒன்றாக்கிய அரசன் பெயரை இந்தத் தொழில்நுட்பத்துக்கு வைத்தார்கள் என்று படித்திருக்கிறேன். இரண்டு நாட்டைச் சேர்த்தவன் பெயரை வைத்துக்கொண்டு, ஒரே பலகையில் இரண்டு அங்குல இடைவெளியில் இருக்கிற மோடத்தையும் புளூடூத் சில்லையும் சேர்த்து வைக்க முடியவில்லை.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. அழைப்பு வந்தால் இரண்டு பக்கக் குரலும் ஹெட்செட்டில் வர வேண்டும். தரம் உயர்வாக இருக்க வேண்டும் என்றுகூடக் கேட்கவில்லை. ஒலியை நொடிக்கு 16,000 முறை அளந்தெடுக்கும் எம்எஸ்பிசி என்ற குரல் முறை வந்தால் சந்தோஷம். பழைய முறையான சிவிஎஸ்டியின் 8,000 போதும், "பையனை ஏத்திக்கிட்டு வா" என்பது அதிலேயே தெளிவாகக் கேட்கும்.

அதைச் செய்யக் காலமாகும் என்றால், அதுவரைக்கும் அந்தப் பச்சை அடையாளத்தையாவது எடுத்துவிடுங்கள். 'பாட்டு: கேட்கும். அழைப்பு: கேட்காது' என்று இரண்டு வரியாகப் பிரித்துப் போடுங்கள். இதற்குக் கேர்னல் அறிவு வேண்டாம், ஒரு தட்டச்சுப் பலகை போதும். அந்த இரண்டாவது வரி இருந்திருந்தால் நான் அண்ணனுக்கு அந்தப் போனைக் கொடுத்திருக்கவே மாட்டேன். ஒவ்வொரு வெளியீட்டுக்கும் முன்னால் யாராவது ஒருவர் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு தன் அம்மாவுக்கு ஒரு அழைப்புப் போட்டுப் பார்த்தாலும் போதும். அம்மாக்களும் சந்தோஷப்படுவார்கள்.

சோதித்துப் பார்க்க ஆள் வேண்டுமென்றால் நான் இருக்கிறேன். அண்ணன் திருப்பிக் கொடுத்த போன் என் மேசை இழுப்பறையில்தான் கிடக்கிறது. கூடவே மூன்று விதமான ஹெட்செட், வெவ்வேறு நிறுவனத்து இரண்டு சிம் கார்டு. போன் எழுதி வைக்கும் பிழைப் பதிவை (லாக்) எடுத்து அனுப்பவும் தெரியும். சரியாகிவிட்டது என்று நீங்கள் சொல்கிற அன்றைக்கு முதலில் என் கடையில் பேசிப் பார்ப்பேன், அப்புறம் ஓடுகிற லோரியில் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து பேசிப் பார்ப்பேன். அவர் சம்மதிக்க வேண்டும், அது என் பாடு.

தயவுசெய்து, அழைப்பு வந்தால் இரண்டு பக்கக் குரலும் ஹெட்செட்டில் வரச் செய்யுங்கள்.

இப்படிக்கு,
பத்தாங் பெர்ஜுந்தை கடைத்தெருவில் கைப்பேசி பழுது பார்ப்பவன்