வேருக்கு பிங்க்: அழகுக் குறிப்பில் விடுபட்டவை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மகளிர் பக்கத்தில், கருங்கூந்தலின் வேர்ப்பகுதிக்கு மட்டும் பளீரென்று பிங்க் நிறம் பூசுவது பற்றி ஓர் அழகுக் குறிப்பு வந்திருந்தது. நுனிவரை முடி கறுப்பாகவே இருக்க, வகிட்டை ஒட்டி மூன்று நான்கு சென்டிமீட்டர் மட்டும் ராணி பிங்க் தெரியும் இந்த அலங்காரத்தை இப்போது பெங்களூருவில் கல்லூரி மாணவிகளும் ஐ.டி. வேலையில் இருக்கும் இளைஞர்களும் ஆசையாகக் கேட்கிறார்கள். சரியாகச் செய்தால் கறுப்புக்கு நடுவே அந்த நிறம் அவ்வளவு அழகு. ஆனால் "ப்ளீச் போட்டு அலசி, பிங்க் தடவி, அரை மணியில் கழுவவும்" என்று மூன்றே வரியில் குறிப்பு முடிந்துவிட்டது. இந்த வேலையில் பிங்க் என்பது கடைசி முக்கால் மணி நேரம்தான். வெற்றியும் தோல்வியும் அதற்கு முன்பே, ப்ளீச்சில் முடிவாகிவிடுகின்றன. அதுவும் தலைத்தோலை ஒட்டிப் போடும் ப்ளீச். கூந்தலுக்கு நிறமூட்டுவதையே தொழிலாகக் கொண்ட நாங்கள், விடுபட்டதைத் தங்கள் வாசகர்களுக்குச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

முடியின் நிறத்தை 1 முதல் 10 வரை அளப்பார்கள். 1 என்றால் அட்டக் கறுப்பு, 10 என்றால் மிக வெளிர்ந்த மஞ்சள். நம்மவர் முடி பெரும்பாலும் 1 முதல் 3க்குள் அடங்கும். ப்ளீச் வேலை செய்யும்போது கறுப்பு நேராக வெளுத்துவிடாது. முதலில் செம்பழுப்பு, பிறகு சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் கலந்த ஆரஞ்சு, மஞ்சள் என்று படிப்படியாகத்தான் இறங்கும். எந்தப் படியில் நிறுத்துகிறோமோ அதைப் பொறுத்தே பிங்க் அமையும். ஆரஞ்சில் (6, 7) நிறுத்தி வெளிர் பிங்க் பூசினால் செங்கல் நிறம் வரும். அந்தப் படிக்கு அடர் மெஜந்தா மட்டுமே எடுபடும். பளீர் பிங்க் வேண்டுமானால் 8 அல்லது 9, அதாவது வாழைப்பழத் தோலின் மஞ்சளாவது வர வேண்டும். குழந்தைகளின் சட்டையில் பார்க்கும் இளம் பிங்க் 10ல்தான் நிற்கும். கறுப்பு முடியின் வேரை 10 வரை வெளுக்கச் சொல்பவர்களுக்கு நாங்கள் ஒத்துக்கொள்வதில்லை. முடிக்கும் தோலுக்கும் அது தாங்காது. அந்த நிறம் நாலைந்து முறை தலை குளித்தாலே காணாமல் போய்விடும்.

டப்பாவின் மூடியில் இருக்கும் நிறத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். மஞ்சள் முடிமேல் எந்த பிங்க்கும் கொஞ்சம் ஆரஞ்சுப் பக்கம் சாயும். அதனால் நீலச் சாயல் உள்ள மெஜந்தா வகையே நம் முடிக்கு ஏற்றது. மஞ்சள் கூடுதலாகத் தெரிந்தால் 60 கிராம் பிங்க்கில் பட்டாணி அளவு வயலெட் சாயம் கலக்கலாம். வயலெட் மஞ்சளை அடக்கும். நீலச் சாயல் பிங்க் மங்கும்போதும் ரோஜா நிறமாகவே மங்கும். சூடான சாயல் உள்ளது மங்கினால் பீச் நிறமாகி, பழைய சாயம் போலத் தெரியும்.

"ப்ளீச் இல்லாமலே கறுப்பு முடிக்கு பிங்க்" என்று விற்கும் பெட்டிகளை நம்ப வேண்டாம். வெயிலில் நின்றால் லேசான ஒயின் நிறப் பளபளப்பு தெரியும், அவ்வளவே. ஒரு நாள் விழாவுக்கு மட்டும் என்றால் கழுவினால் போய்விடும் நிற ஹேர் வேக்ஸ் போதும். ஏற்கெனவே நரை கலந்திருப்பவர்களுக்கு ஒரு நல்ல செய்தி: வெள்ளை முடி ப்ளீச் இல்லாமலே பிங்க்கை ஏற்கும். சற்று மென்மையாக, நரைத்த இழைகளில் மட்டும் பிடிக்கும், மங்குவதும் சீக்கிரம்தான். நாற்பத்தைந்தைத் தாண்டிய பெண்களுக்கு இது மிக நன்றாக இருக்கிறது. கேட்கத் தயங்குகிறார்கள் என்பதால் இங்கே எழுதுகிறோம்.

ப்ளீச்சுக்கு முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, தலையில் கடைசியாக எதை, எப்போது பூசினீர்கள் என்பது. முடி மாதத்துக்கு 1 முதல் 1.25 சென்டிமீட்டர் வளரும். நிறம் வேண்டிய பகுதி 4 சென்டிமீட்டர் என்றால், மருதாணியோ கறுப்புச் சாயமோ பூசிக் குறைந்தது நான்கு மாதமாவது ஆகியிருக்க வேண்டும். இல்லையென்றால் புதிதாக வளர்ந்த முடி மஞ்சளாக, சாயம் ஏறிய பகுதி சிவந்த ஆரஞ்சில் நின்று, ஒரே கற்றையில் இரண்டு பட்டை விழும். "ஹெர்பல்", "கறுப்பு மெஹந்தி" என்று விற்கும் சில பொடிகளில் உலோக உப்பு இருக்கும். அதன்மேல் ப்ளீச் கலவையில் உள்ள பெராக்சைடு பட்டால் முடி சூடேறி, புகைந்து, அறுந்து விழக்கூடும். சந்தேகம் இருந்தால் சீப்பில் உதிர்ந்த சில இழைகளை 30 மி.லி. 20 வால்யூம் (6 சதவீத) பெராக்சைடில் 20 சொட்டு அம்மோனியா விட்டு, கண்ணாடிக் கிண்ணத்தில் அரை மணி ஊறவைக்கச் சொல்லுங்கள். நுரைத்துச் சூடானாலோ, நாற்றம் வந்தாலோ, இழை கரைந்தாலோ அந்த முடிக்கு ப்ளீச் கூடாது.

இரண்டாவது கேள்வி, வீட்டில் எந்தத் தண்ணீர். காவிரித் தண்ணீர் ஓரளவு மென்மையானது. 2024 அக்டோபரில் காவிரிக் குடிநீர்த் திட்டத்தின் ஐந்தாம் கட்டம் தொடங்கி, நகரோடு இணைந்த 110 கிராமங்களுக்கும் அதைக் கொண்டுபோனாலும், ஒயிட்ஃபீல்டு, சர்ஜாபூர் சாலைப் பக்கத்துக் குடியிருப்புகளில் போர்வெல், டேங்கர் தண்ணீரும் கலந்தே சம்பில் (தரைக்கடித் தொட்டியில்) விழுகிறது. குடிநீருக்கான இந்தியத் தரம் கடினத்தன்மைக்கு லிட்டருக்கு 200 மில்லிகிராமை ஏற்கத்தக்க அளவாகவும், வேறு வழியில்லாதபோது 600ஐ உச்சவரம்பாகவும் வைத்திருக்கிறது. வாளியில் வெள்ளைக் கறை படியும் தண்ணீரில் குளிப்பவரின் முடியிலும் அதே சுண்ணமும் இரும்பும் படிந்திருக்கும். ப்ளீச் திட்டுத் திட்டாக ஏறுவதற்கும், பிங்க் ஒட்டாமல் மந்தமாகத் தெரிவதற்கும் இது பெரிய காரணம். ப்ளீச்சுக்கு இரண்டு நாள் முன் இந்தப் படிவை நீக்கும், ஈடிடிஏ உள்ள கீலேட்டிங் ஷாம்பு போட்டு ஒருமுறை குளித்தால் போதும். அதன்பின் தலை குளிக்க வேண்டாம்; தோலில் ஊறும் இயற்கை எண்ணெய் எரிச்சலைக் குறைக்கும். நகத்தால் சொறியவும் கூடாது. முதல் நாள் இரவு நிறம் படாத நீளப்பகுதிக்கு மட்டும் தேங்காய் எண்ணெய் தடவலாம்.

பூசப்போகும் அதே சாயத்தைக் காதுக்குப் பின்னால் பத்து ரூபாய் நாணய அளவுக்குத் தடவி 48 மணி நேரம் பார்த்தே ஆக வேண்டும். அரித்தால், சிவந்தால் விட்டுவிடுங்கள். ப்ளீச் பொடியில் இருக்கும் பெர்சல்ஃபேட் மூச்சிரைப்பைத் தூண்டக்கூடியது. ஆஸ்துமா உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதில் இறங்க வேண்டாம். கலப்பவரும் ஜன்னலைத் திறந்து வைத்துக் கலக்கட்டும். சிக்பேட்டை மொத்தக் கடையில் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கும்போது, இறக்குமதிச் சரக்கானால் பதிவு எண்ணும் இறக்குமதியாளர் முகவரியும் லேபிளில் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லாததைத் தலையில் வைக்காதீர்கள்.

இனி ப்ளீச். ஒரு பங்கு பொடிக்கு இரண்டு பங்கு டெவலப்பர், அதாவது பெராக்சைடு திரவம். நடுத்தர அடர்த்தியுள்ள தலையில் 4 சென்டிமீட்டர் வேருக்கு 30 கிராம் பொடி, 60 மி.லி. டெவலப்பரில் தொடங்கலாம். தோலை ஒட்டிய இடத்துக்கு 20 வால்யூம், அதாவது 6 சதவீதம். அதற்கு மேல் போகவே கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து. 40 வால்யூம் சீக்கிரம் வெளுக்கும் என்பது உண்மைதான், கூடவே தோலையும் புண்ணாக்கும். உலோகக் கிண்ணம் வேண்டாம்.

தலையை நான்கு பாகமாகப் பிரித்து, அரை சென்டிமீட்டருக்கு மேல் தடிக்காத கற்றைகளாக எடுக்க வேண்டும். பிடரிக்குச் சற்று மேலே தொடங்குங்கள். நெற்றி ஓர முடி மெல்லியது, சீக்கிரம் வெளுப்பது; அதைக் கடைசியில் தொடுங்கள். பலரும் தவறுவது இனிமேல் சொல்லும் இடத்தில்தான். தோலை ஒட்டிய ஒரு சென்டிமீட்டர், உடல் சூட்டினால் மற்றப் பகுதியைவிட வேகமாக வெளுக்கும். வேரிலிருந்து ஒரே நேரத்தில் இழுத்துப் பூசினால் தோலோரம் வெளிர் மஞ்சளாகவும் அதற்கு அப்பால் ஆரஞ்சாகவும் நின்று, பிங்க்கும் இரண்டு நிறமாகவே விழும். எனவே முதலில் அந்த ஒரு சென்டிமீட்டரை விட்டு அதற்கு அப்பால் நுனிப்பக்கம் பூசி, 20 நிமிடம் கழித்துப் புதிதாகக் கலந்து தோலை ஒட்டிய அடியில் பூசுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு கற்றையைத் துடைத்துப் பார்க்க வேண்டும். கலவை காய்ந்தால் வேலை நின்றுவிடும் என்பதால் தாராளமாகப் பூசி ஈரமாக வைத்திருங்கள், ஆனால் ஹேர் ட்ரையர் சூடு காட்டாதீர்கள். மொத்தம் 50 நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். லேசான குறுகுறுப்பு இயல்பு. எரிந்தால் நேரம் பார்க்காமல் உடனே குளிர்ந்த நீரில் அலசுங்கள்.

கறுப்பும் பிங்க்கும் சேரும் இடம் கத்தியால் வெட்டியது போல நேர்க்கோடாக இருந்தால் பார்க்க முரடாக இருக்கும். ஒவ்வொரு கற்றையிலும் அரை சென்டிமீட்டர் ஏற்றியும் இறக்கியும் நிறுத்தி, ஓரத்தைத் தூரிகையின் நுனியால் மெல்லத் தேய்த்துவிடுங்கள்.

அட்டக் கறுப்பு முடி ஒரே முறையில் 8 அல்லது 9க்கு வருவது அரிது. முதல் நாள் ஆரஞ்சில் நின்றால் அங்கேயே நிறுத்தி, அடர் மெஜந்தா பூசி இரண்டு வாரம் அதையே வைத்துக்கொள்ளுங்கள். பிறகு 6 சதவீதத்திலேயே 20, 25 நிமிடம் இரண்டாம் சுற்று. அடியில் கொஞ்சம் மெஜந்தா தங்கினாலும் கெடுதலில்லை, மேலே வரப்போவதும் பிங்க்தானே. ஈரமான இழையை இழுத்தால் ரப்பராக நீண்டு திரும்பாமல் தொங்கினால், முடியின் பிணைப்பை வலுவாக்கும் என்று விற்கும் எந்த பாண்ட் மருந்தையும் நம்பி இரண்டாம் சுற்றுக்குப் போகாதீர்கள். முதல் முறை செய்பவர்களுக்கு எங்கள் யோசனை: தோலிலிருந்து ஒரு நெல்மணி நீளம் கறுப்பாகவே விட்டுத் தொடங்குங்கள். எரிச்சலும் இராது, முடி வளரும்போது உறுத்தவும் செய்யாது.

பிங்க் பூசும் வேலை எளிது. இது சில வாரம் நின்று மங்கும் செமி-பெர்மனென்ட் சாயம்; இதற்கு டெவலப்பர் தேவையில்லை. ப்ளீச்சை ஷாம்புவால் நன்றாகப் போக்கி, கண்டிஷனர் போடாமல் முழுதாக உலர்த்துங்கள். ஈர முடி சாயத்தை நீர்க்கச் செய்யும். நெற்றி ஓரத்திலும் காதிலும் வாசலின், கையில் உறை, சுமார் 60 கிராம் சாயம், 45 நிமிடம். பிறகு குளிர்ந்த நீரில் அலசுங்கள். கறுப்பு நீளத்தில் வழிந்தாலும் கவலை வேண்டாம், தெரியாது. முதல் மூன்று நாள் தலை குளிக்காதீர்கள்.

பராமரிப்பில் நம் வீட்டுப் பழக்கங்களைப் பற்றி எந்த டப்பாவிலும் எழுதியிருக்காது. நல்லெண்ணெய் தேய்த்து, சீயக்காயோ அரப்போ போட்டுச் சூடான நீரில் முழுகினால் வேரில் இருக்கும் பிங்க் பாதி அன்றே போய்விடும். தீபாவளிக்கு நிறம் வேண்டுமானால் எண்ணெய்க் குளியல் முடிந்த பிறகு வண்ணம் பூசுங்கள். அதற்கு முன்பே பூசிவிட்டால், அன்று எண்ணெயைச் சம்பிரதாயத்துக்கு உச்சியில் ஒரு துளியோடு நிறுத்துங்கள். வெளுத்த முடி, பூசும் மஞ்சளின் நிறத்தை உறிஞ்சிக்கொள்ளும். முகத்துக்கு மஞ்சள் பூசினால் நெற்றி ஓரம் பவள நிறமாகும். வகிட்டுக் குங்குமமும் அப்படியே கறையாக இறங்கும். வகிட்டில் குங்குமம் வைப்பவர்கள் அந்த இரண்டு சென்டிமீட்டரைக் கறுப்பாகவே விட்டுவிடுவது நல்லது. பொடுகு ஷாம்பு நிறத்தை வேகமாக உரிக்கும், ஆகவே பொடுகைத் தீர்த்த பின்பே பிங்க். இரு சக்கர வண்டி ஓட்டுபவர்கள் ஹெல்மெட்டுக்குள் அடர் நிறப் பருத்தித் துணி கட்டட்டும். வியர்வையில் சாயம் உள்ளுறையில் இறங்கும்.

வாரம் இரண்டு முறைக்கு மேல் தலைக்குக் குளிக்க வேண்டாம். சல்ஃபேட் இல்லாத ஷாம்பு, சூடில்லாத நீர். 200 மி.லி. வெள்ளைக் கண்டிஷனரில் 20 கிராம் அதே பிங்க்கைக் கலந்து வைத்து, ஒவ்வொரு குளியலிலும் பத்து நிமிடம் ஊறவிட்டால், மூன்று வாரத்தில் மங்க வேண்டியது ஆறு வாரம் வரை பளிச்சென்று நிற்கும்.

ஆறு வாரத்தில் அடியில் ஒன்றரை சென்டிமீட்டர் கறுப்பு எட்டிப் பார்க்கும். அப்போது ப்ளீச் அந்தப் புது முடிக்கு மட்டும்தான். முன்பு வெளுத்த பகுதியில் மறுபடி பட்டால் அந்த வரியிலேயே முடி ஒடியும். பிங்க் பட்டை நீண்டுகொண்டே போவதை விரும்பாதவர்கள் அதன் நுனிப்பக்க ஓரத்தைக் கறுப்பாக்கிக்கொள்ளலாம். அதற்குப் பழைய பிங்க் முழுதாக மங்கும்வரை காத்திருக்கக் கூடாது. வெறும் மஞ்சள் முடிமேல் கறுப்பு பூசினால் பச்சை கலந்த சாம்பல் நிறம் காட்டும். அடியில் பிங்க்கின் சிவப்பு இருந்தால் கறுப்பு இயல்பாக அமரும்.

இனி இத்தகைய குறிப்புகளை வெளியிடும்போது டெவலப்பரின் அளவையும் 48 மணி நேரச் சோதனையையும் முதல் வரியிலேயே சேர்க்குமாறு ஆசிரியரைக் கேட்டுக்கொள்கிறோம். நகரின் பார்லர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பயன்படுத்திய பொருள், வால்யூம், நிமிடம், தேதி நான்கையும் ஒரு அட்டையில் எழுதி வாடிக்கையாளர் கையில் கொடுங்கள். அடுத்த முறை அவர் வேறு கடைக்குப் போனாலும், அங்கிருப்பவர் எந்த இடத்தில் கை வைக்கக் கூடாது என்று அந்த அட்டையைப் பார்த்தே தெரிந்துகொள்வார்.

இப்படிக்கு,
கூந்தல் நிறமூட்டும் தொழிலில் உள்ள வாசகர்கள்,
அல்சூர், பெங்களூரு.