நிலம் கேட்டவள் நான்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கு எல்லோரும் நலம். நீ கோபத்தோடு போனை வைத்த நாளிலிருந்து இதை எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருக்கிறேன். போனில் பேசினால் அப்பா எதிரில் உட்கார்ந்திருப்பார். அவர் காதுபட இதைச் சொல்ல முடியாது.

26 ஆண்டுகள் ராணுவத்துக்கு உடம்பைக் கொடுத்தது போதாதா, வங்கிக் காவல் வேலை தேடி வந்ததையும் விட்டுவிட்டு, என் கல்யாணப் பணத்தையும் மண்ணில் கொட்டிவிட்டாரே என்று அப்பாவைத்தானே கேட்டாய்? அவர் பதில் பேசவில்லை. பேசவும் மாட்டார். முதலில் ஒன்றைத் தெரிந்துகொள். உன் பெயரில் போட்டிருக்கும் வைப்புநிதியில் ஒரு ரூபாயைக்கூட நாங்கள் தொடவில்லை. ரசீது பீரோவில் என் கூரைப்புடவைக்கு அடியில் இருக்கிறது. உன்னிடம் அத்தை சொன்னது தவறு. இரண்டாவது, நிலம் கேட்டவள் நான். அப்பா காவல் வேலைக்குப் போகத் தயாராகத்தான் இருந்தார். சட்டைக்கு அளவுகூடக் கொடுத்துவிட்டு வந்திருந்தார். வேண்டாம் என்று தடுத்தவள் நான்.

ஏன் என்று சொல்கிறேன். குவார்ட்டர்ஸைக் காலி செய்வதை 'மார்ச் அவுட்' என்பார்களே, நினைவிருக்கிறதா? கையில் பட்டியலோடு ஒருவர் வந்து மின்விசிறி, பல்பு, குழாய், சன்னல் கண்ணாடி என்று ஒவ்வொன்றாக எண்ணிப் பார்ப்பார். குறைந்தால் பணம் கட்ட வேண்டும். பின்வாசலில் நான் வைத்த செடிகள் அந்தப் பட்டியலில் வராது. ஜோத்பூரில் ஒரு முருங்கை. பெரோஸ்பூரில் பெயின்ட் டப்பாவில் கறிவேப்பிலை. செகந்திராபாத்தில் இரண்டு வாழை. அந்த வாழை குலை தள்ளிப் பூ விரிந்துகொண்டிருந்த வாரத்தில்தான் மாற்றல் வந்தது. ரயிலில் நீ என் மடியில் தூங்கிக்கொண்டு வந்தாய். அந்தக் குலையை யார் வெட்டுவார்களோ என்று நினைத்துக்கொண்டே நான் காட்பாடி வரை விழித்திருந்தேன். வைத்த செடியில் காய் பறிக்க ஒரு முறையாவது இருக்க வேண்டும் என்ற ஆசை அன்று விழுந்தது. அப்பா எல்லையில் இருந்தபோதெல்லாம் அவருடைய முகவரி ஊர்ப் பெயரே இல்லாமல் '56 ஏ.பி.ஓ.' என்ற ராணுவ அஞ்சலக எண்ணோடு முடியும். அதை உறையில் எழுதும்போதெல்லாம் அந்த ஆசை கொஞ்சம் வளர்ந்தது.

தாத்தா எனக்கு எழுதிவைத்த 60 சென்ட் பதினைந்து ஆண்டுகளாகச் சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்தது. ஓய்வூதியத்தில் ஒரு பகுதியை முன்கூட்டியே மொத்தமாக வாங்கினோம் அல்லவா, அந்தப் பணத்தில்தான் ஒட்டியிருந்த 1 ஏக்கரை வாங்கினோம். அதற்காக மாதப் பென்ஷனில் செய்யும் பிடித்தம் 15 ஆண்டுகள் ஓடும் என்பது எங்களுக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தோம். ஓய்வுக்கு முன்னால் ராணுவம் கொடுக்கும் மறுவாழ்வுப் பயிற்சியில் அப்பாவோடு இருந்தவர்கள் பலர் காவல் பணியைக் கேட்டார்கள். அவர் பால்பண்ணையைக் கேட்டார். அதுவும் நான் சொல்லித்தான்.

பொக்லைன் வைத்து முள்ளை வேரோடு எடுத்தோம். விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் மண்ணைக் கொடுத்துப் பார்த்தால் மக்கிய சத்தே இல்லை என்று வந்தது. அதனால் முதல் பட்டத்தில் எதையும் அறுவடைக்கு விதைக்கவில்லை. இயற்கை விவசாயம் பரப்பிய நம்மாழ்வார் ஊர் ஊராகப் போய்ச் சொன்ன பலதானிய விதைப்புதான். கம்பு, சோளம், உளுந்து, தட்டைப்பயறு, எள், ஆமணக்கு, கொத்தமல்லி, சணப்பு, தக்கைப்பூண்டு என்று இருபது வகையைக் கலந்து வீசி, ஐம்பதாம் நாள் பூவோடு மடக்கி உழுதோம். பச்சைப் பசேலென்று நிற்கிற பயிரை உழுவதைப் பார்த்து ஊரில் பலர் தலையில் அடித்துக்கொண்டார்கள். எனக்கும் வயிறு பிசைந்தது. இரண்டாவது முறையும் அப்படியே செய்தோம். இப்போது மழை பெய்த மறுநாள் கையில் அள்ளினால் மண் பிட்டு மாதிரி உதிர்கிறது. மண்புழுவைப் பார்த்த அன்று அப்பா என்னைக் கூப்பிட்டுக் காட்டினார், பாப்பா. ஏதோ பதக்கம் வாங்கியவர் போல உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

அப்பாவுக்கு விவசாயம் தெரியாது. பதுங்குகுழி வெட்டிய கை அது, வாய்க்கால் வெட்ட வரவில்லை. கேழ்வரகுக்குத் தண்ணீர் கட்டிய முதல் நாள், மடையை வெட்டியவர் மண்ணைத் தூர வீசிவிட்டார். தண்ணீர் பாத்தி நிறைந்து வரப்பைத் தாண்டி ஓடுகிறது, அணைக்க மண் இல்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நான் இறங்கினேன். இந்தப் பாத்தியைத் திறக்க வெட்டும் மண்ணாலேயே போன பாத்தியை அடைக்க வேண்டும், ஒரு வெட்டு, ஒரு அணைப்பு, அவ்வளவுதான் என்று காட்டினேன். அவர் மம்மட்டியை வாங்கி நான் செய்தபடியே செய்தார். 26 ஆண்டுகளில் அவர் வேலையில் எனக்கு ஒரு பங்கும் இருந்ததில்லை. அன்று இருந்தது. அவர் என்னிடம் கேட்டுச் செய்வதும், நான் அவரிடம் கேட்டுச் செய்வதும் எங்கள் கல்யாண வாழ்க்கையிலேயே புதிது.

காய்கறிக்கும் மரங்களுக்கும் சொட்டுநீர் போட்டாயிற்று. சிறு, குறு விவசாயிச் சான்று இருந்தால் அரசு முழு மானியம் தருகிறது. சிட்டா, அடங்கல் என்று அலையத்தான் கொஞ்ச நாள் ஆனது. மேட்டுப் பக்கம் 30 அடிக்கு 30 அடி, 6 அடி ஆழத்தில் பண்ணைக்குட்டை வெட்டியிருக்கிறோம். நிரம்பினால் லட்சம் லிட்டருக்கு மேல் நிற்கும். இரண்டு நாட்டு மாடு, ஏழு ஆடு, சிறுவிடைக் கோழிகள். பஞ்சகவ்யம் நானே கலக்குகிறேன். பத்து லிட்டர் தண்ணீருக்கு 300 மில்லி ஊற்றித் தெளிக்கிறோம்.

நட்டத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். போன ஆடியில் 40 சென்டில் மல்லாட்டை, அதுதான் நிலக்கடலை, போட்டோம். தொண்ணூறு நாள் பயிர் நன்றாகக் காய் பிடித்திருந்தது. மலையிலிருந்து காட்டுப்பன்றி இறங்கி இரண்டே இரவில் முக்கால்வாசியைக் கிளறிப் போட்டது. விடிந்து போய்ப் பார்த்தால் உழுது போட்ட மாதிரி இருந்தது. வரப்பில் உட்கார்ந்து அழுதேன். மிச்சத்தைக் காப்பாற்றப் பழைய சேலைகளைச் சுற்றிலும் கட்டினோம். ஜோத்பூரில் நீ தேர்ந்தெடுத்துக் கொடுத்த அந்தச் சிவப்புப் பாந்தினியும் வடக்கு மூலையில்தான் இருக்கிறது. வருத்தப்படாதே, அது கிழிந்துதான் போயிருந்தது.

பணக் கணக்கில் பார்த்தால் நிலம் இன்னும் தன் செலவுக்கே சம்பாதிக்கவில்லை. முட்டையும் கீரையும் முருங்கையும் கைச்செலவுக்கு வருகின்றன. வீட்டை நடத்துவது பென்ஷன். இயற்கை விவசாயத்தில் முதல் ஆண்டே பணம் கொட்டும் என்பவர்களை நம்பாதே, பாப்பா. பக்கத்து நிலத்துக்காரரின் மல்லாட்டையும் அதே இரவுகளில்தான் போயிற்று. அவருக்கு மாதம் பிறந்தால் வரும் பென்ஷன் கிடையாது, கூட்டுறவுக் கடன்தான் உண்டு. பென்ஷன் இல்லாதிருந்தால் இந்த நிலத்தைக் கேட்க எனக்கே தைரியம் வந்திருக்காது. மண் தேறும்வரை பொறுத்திருக்க எங்களால் முடிகிறது என்றால், அது அப்பா பனியிலும் மணலிலும் நின்று சம்பாதித்த பொறுமை. அதை நான் ஒரு நாளும் மறப்பதில்லை.

இனி அவர் எதிரில் சொல்ல முடியாததைச் சொல்கிறேன். ஓய்வு பெற்று வந்த புதிதில் அப்பா இரவு இரண்டு மணிக்கு எழுந்து வாசல்படியில் உட்கார்ந்திருப்பார். ஒரு நாளா, இரண்டு நாளா? தினமும். தூக்கம் வரவில்லை, நீ படு என்பார். நாய் குரைத்தால் உடம்பு விறைக்கும். நான் எத்தனையோ இரவுகள் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்திருக்கிறேன். வங்கி வாசலில் துப்பாக்கியோடு இன்னொரு பத்தாண்டு நின்றால் இந்த மனிதர் எனக்கு எப்போது முழுதாகக் கிடைப்பார் என்று பயந்தேன். நிலம் கேட்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

பன்றிக் காவலுக்கு வேப்ப மரத்தில் பரண் கட்டி அங்கேயே படுத்தார். ஒரு நாள் விடியற்காலை கூழ் எடுத்துக்கொண்டு போனேன். நெஞ்சின் மேல் டார்ச், ஒரு கை பரணுக்கு வெளியே தொங்குகிறது, வாய் பிளந்து அப்படி ஒரு தூக்கம். கீழே பன்றி வந்து ஒரு பாத்தியைத் தின்றுவிட்டுப் போயிருந்தது. நான் எழுப்பவில்லை. தூக்குச்சட்டியை மடியில் வைத்துக்கொண்டு வெயில் ஏறும்வரை கீழேயே உட்கார்ந்திருந்தேன்.

பன்றி விட்டுவைத்ததில் ஒரு மூட்டை மல்லாட்டையை விதைக்கென்று தோலோடு கட்டி வைத்திருக்கிறோம். விதைப்புக்கு முன்னால் கையால்தான் உடைக்க வேண்டும். மெஷினில் போட்டால் பருப்பு அடிபட்டு முளைக்காது. ஆனியில் ஒரு நல்ல மழை விழுந்ததும் உடைக்க உட்காருவோம். மூன்று நாள் விடுப்புப் போடு. புனேயிலிருந்து வரும் ரயில் காட்பாடியில் நிற்கும், அப்பா வண்டியோடு வந்து நிற்பார். அவரிடம் இந்தக் கடிதத்தைப் பற்றிப் பேச வேண்டாம். கோபப்பட்டதற்கு வருத்தம் என்றும் சொல்ல வேண்டாம். நகத்தை மட்டும் வெட்டாமல் வா, உடைக்க வசதியாக இருக்கும்.

அன்புடன்,
அம்மா