பாடம் நடத்தக் கற்பதற்கும் நேரம் கொடுங்கள், பதவி உயர்வில் அதையும் பாருங்கள்

பெறுநர்: உயர்திரு உயர்கல்வித் துறைச் செயலாளர் அவர்கள்
அனுப்புநர்: பல்கலைக்கழக ஆசிரியர்கள் (நிரந்தரப் பணியிலும் ஒப்பந்தப் பணியிலும் இருப்பவர்கள்)
பொருள்: ஆசிரியர்களின் கற்பித்தல் திறன் வளர்ச்சிக்கு வேலை நேரம் ஒதுக்குவதும், பதவி உயர்வில் அதற்கு மதிப்பளிப்பதும் தொடர்பாக

மதிப்பிற்குரிய ஐயா,

சுற்றி வளைக்காமல் கேட்டுவிடுகிறோம். பல்கலைக்கழக ஆசிரியர் ஒருவர் நன்றாகப் பாடம் நடத்தக் கற்றுக்கொள்ள வேலை நேரத்திலேயே இடம் வேண்டும். கற்றதை வைத்து வகுப்பில் அவர் என்ன மாற்றினார் என்பது பதவி உயர்வில் கணக்கில் வர வேண்டும். கேட்பது இவ்வளவுதான். ஆனால் இதற்கு ஏன் மனு வரைக்கும் வர வேண்டியிருக்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

பள்ளியில் சின்னக் குழந்தைகளுக்குப் பாடம் எடுப்பவரிடம் ஆசிரியர் பயிற்சி முடித்தீர்களா என்று கேட்கிறோம், பல்கலைக்கழகத்தில் பெரும்பாலும் முனைவர் பட்டம் இருந்தால் போதும். ஆய்வு செய்யத் தெரிந்தவருக்குப் பாடம் நடத்தவும் தானாக வந்துவிடும் என்று யாரோ எப்போதோ முடிவு செய்துவிட்டார்கள் போல. வேலையில் சேர்ந்த வாரமே கால அட்டவணையைக் கையில் கொடுத்து, பெரிய வகுப்பு ஒன்றின் முன்னால் நிறுத்திவிடுகிறார்கள். அப்புறம் என்ன, தனக்குப் பாடம் எடுத்தவர்கள் எப்படி எடுத்தார்களோ அப்படியே அவரும் எடுக்கிறார், அவர்களுடைய நல்ல பழக்கங்களோடு கெட்ட பழக்கங்களையும் சேர்த்து.

பயிற்சியே இல்லை என்று சொல்ல மாட்டோம். இருக்கிறது, அதைப் பற்றித்தான் வருத்தமே. செமஸ்டர் நடுவில் சுற்றறிக்கை வரும், போகிற ஆசிரியரின் வகுப்பை இன்னொருவர் தலையில் கட்ட வேண்டும், போன இடத்தில் காலையிலும் மாலையிலும் கையெழுத்து, குழுப் படம், கடைசியில் சான்றிதழ். மாணவர்களைப் பேச வையுங்கள், நீங்களே பேசிக்கொண்டிருக்காதீர்கள் என்று ஸ்லைடு மேல் ஸ்லைடாகப் போட்டு நாள் முழுக்க ஒருவரே பேசிய பயிற்சிகளில் எங்களில் பலர் உட்கார்ந்திருக்கிறோம். திரும்பி வந்த பிறகு, கற்றதில் எதை வகுப்பில் செய்து பார்த்தீர்கள் என்று கேட்க ஒருவரும் இல்லை. சான்றிதழின் நகல் கோப்பில் சேர்ந்தால் சரி, வேலை முடிந்தது.

இன்னொரு பக்கம் பதவி உயர்வு. ஆய்வுக் கட்டுரையை எண்ணிவிடலாம், அதனால் எண்ணுகிறோம். ஒருவர் ஒரு செமஸ்டர் முழுக்க உழைத்து, மாணவர்கள் வழக்கமாகத் தடுமாறும் ஒரு தாளை அடியோடு மாற்றி அமைக்கிறார். பக்கத்து அறைக்காரர் அதே நேரத்தில் ஒரு கட்டுரை எழுதிவிடுகிறார். நேர்முகத்தில் யாருக்குக் கூடுதல் மதிப்பு என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கட்டுரை எழுதியவர் மேல் எந்தக் குறையும் இல்லை, விதி எப்படி இருக்கிறதோ அதற்கேற்பத்தான் எவரும் நடப்பார்.

இது ஆசிரியர்களின் வசதிக்காக மட்டும் கேட்பதாக நினைக்க வேண்டாம். 2014இல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் ஆய்விதழில் ஒரு தொகுப்பாய்வு வந்தது. அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்களில் நடந்த 225 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். விரிவுரை மட்டுமே நடந்த வகுப்புகளில் தோல்வி விகிதம் சராசரியாக 33.8 சதவீதம், மாணவர்களைக் கேள்வி, கலந்துரையாடல், கணக்குப் போடுதல் என்று ஈடுபடுத்திய வகுப்புகளில் 21.8 சதவீதம். அதே மாதிரி மாணவர்கள், அதே பாடம், நடத்தும் விதம்தான் வேறு. அப்படி நடத்துவது மேடையேறிப் பேசுவதைவிடக் கடினம், அதற்குப் பழக வேண்டும், பழக நேரம் வேண்டும்.

சரி, மாணவர்களிடம் கருத்துப் படிவம் வாங்குகிறோமே, அதை வைத்து மதிப்பிடலாமே என்பீர்கள். அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஹார்வர்டில் இயற்பியல் வகுப்புகளில் செய்து 2019இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்களை ஈடுபடுத்திய வகுப்பில் இருந்தவர்கள் அதிகம் கற்றிருந்தார்கள், ஆனால் குறைவாகக் கற்றதாகவே நினைத்தார்கள். சரளமான விரிவுரை கேட்டவர்களுக்கோ எல்லாம் புரிந்த மாதிரி ஓர் உணர்வு. படிவத்தை மட்டும் நம்பினால் புதிதாக முயற்சி செய்பவருக்குத்தான் முதலில் மதிப்பெண் குறையும். படிவத்தைத் தூக்கி எறியச் சொல்லவில்லை, அது ஒன்றே தராசு ஆகிவிடக் கூடாது.

வேறு வழி இல்லையா என்றால், இருக்கிறது, நடந்தும் வருகிறது. சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகப் பொறியியல் பிரிவில் 2001 முதல் ஒரு முறை இருக்கிறது. ஆசிரியர் தன் கற்பித்தலைப் பற்றித் தானே எழுதித் தொகுத்த கோப்பு ஒன்றைக் கொடுக்கிறார், எதை ஏன் மாற்றினேன், மாணவர்கள் கற்றலில் என்ன தெரிந்தது என்று. சக ஆசிரியர்கள் படிக்கிறார்கள், கூப்பிட்டுப் பேசுகிறார்கள். தேறினால் அவருக்குச் சம்பள உயர்வு, அவருடைய துறைக்குக் கூடுதல் நிதி. எங்களுக்கு மிகவும் பிடித்தது அந்தக் கடைசிப் பகுதிதான். துறைக்கும் பணம் வருகிறது என்றால் பயிற்சிக்குப் போகிறவரைத் துறைத் தலைவர் முறைத்துப் பார்க்க மாட்டார். நார்வே 2019இல் இதை விதியிலேயே எழுதிவிட்டது: பல்கலைக்கழக ஆசிரியர் பணிக்குக் குறைந்தது 200 மணி நேர அடிப்படைக் கற்பித்தல் பயிற்சி.

அப்படியே நகல் எடுக்கச் சொல்லவில்லை. எங்களுக்குத் தேவையானவை சில. புதிதாகச் சேர்கிறவருக்கு முதல் ஆண்டில் ஒரு தாள் குறைத்துக் கொடுங்கள், அந்த நேரத்தில் அவர் அனுபவமுள்ளவர் வகுப்பில் உட்காரட்டும், அனுபவமுள்ளவரும் வந்து இவர் வகுப்பில் உட்காரட்டும். அப்படிப் பார்த்தவர் சொல்லும் கருத்து, ஆசிரியரைப் பற்றி மேலதிகாரி எழுதும் ரகசிய அறிக்கைக்குள் போகவே கூடாது, போனால் யாரும் வகுப்புக் கதவைத் திறக்க மாட்டார்கள். பதவி உயர்வுக்கு லுண்டில் உள்ளது போன்ற ஒரு கோப்பை ஏற்றுக்கொள்ளுங்கள், பத்துப் பக்கத்துக்கு மேல் வேண்டாம், அதே பாடத்தை நடத்துகிற இருவராவது அதைப் படிக்கட்டும். தயவுசெய்து அதையும் இத்தனை மணி நேரத்துக்கு இத்தனை புள்ளி என்று இன்னொரு படிவமாக மாற்றிவிடாதீர்கள், ஏற்கெனவே படிவம் நிரப்புவதில் நாங்கள் நன்றாகத் தேர்ந்துவிட்டோம்.

ஒப்பந்த ஆசிரியர்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். மணிக் கணக்கில் சம்பளம் வாங்குகிறவர் பயிற்சிக்குப் போனால் அன்றைய கூலி போச்சு. போகாவிட்டால் ஆர்வமில்லாதவர் என்று பெயர். முதலாண்டு மாணவர்களுக்குப் பல துறைகளில் இவர்கள்தான் பாடம் எடுக்கிறார்கள், அப்படியிருக்க பயிற்சி நிரந்தரப் பணியாளர்களுக்கு மட்டும் என்றால் அது யாருக்காக? பயிற்சி நேரத்துக்கும் அவர்களுக்குச் சம்பளம் உண்டு என்று ஆணையில் எழுதியே வர வேண்டும்.

எல்லாப் பல்கலைக்கழகங்களிலும் ஒரே நாளில் தொடங்க வேண்டாம். விருப்பமுள்ள சில துறைகளில் இரண்டு ஆண்டு நடத்திப் பாருங்கள். விதிகளை எழுத ஒரு குழு அமையுங்கள், அதில் பாதிப் பேராவது இப்போது வகுப்பெடுத்துக்கொண்டிருப்பவர்களாக இருக்கட்டும், ஒப்பந்த ஆசிரியர்களும் இருக்கட்டும். குழுவை எப்போது அமைப்பீர்கள் என்று எழுத்தில் பதில் வேண்டுகிறோம். நேரில் பேச அழைத்தால் விடைத்தாள் திருத்தும் நாட்கள் தவிர எப்போது வேண்டுமானாலும் வருகிறோம்.

இப்படிக்கு,
கீழே கையொப்பமிட்டுள்ள ஆசிரியர்கள்