சின்னவளுக்கு ஒரு மாயாவி முகமூடி

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, இப்போது வாக்கரைப் பிடித்துக்கொண்டு சமையலறை வரைக்கும் போய்வருகிறார் என்று படித்த பிறகுதான் நிம்மதி. பிசியோதெரபியை மட்டும் பாதியில் விட்டுவிடாதே. வலிக்குது வேண்டாம் என்பார், நீதான் கொஞ்சம் பிடிவாதமாக இருக்க வேண்டும். பையனுக்குப் புனேயில் வேலை கிடைத்ததில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம், அவனிடம் சொல்லு.

இங்கே எல்லோரும் நலம். எங்கள் ஷூ கம்பெனியில் ஆர்டர் இந்த வருஷம் சுமார்தான், ஆனாலும் பேட்டர்ன் பிரிவில் இருப்பவனுக்கு ஏதாவது சாம்பிள் வேலை வந்துகொண்டேதான் இருக்கிறது. போட்டோவில் சின்னவள் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாளே, அந்த ஊதாத் தலைக்கவசத்தைப் பற்றிக் கேட்டிருந்தாய். ஃபோம் ஷீட்டை வெட்டி ஒட்டினால் இரண்டு நாளில் முடிகிற வேலைக்கு எதற்குத் தோலும் ஊசியுமாக உட்கார்ந்திருக்கிறாய் என்றும் கேட்டிருந்தாய். அதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது, அதனால் கடிதம் நீளும், பொறுத்துக்கொள்.

அது மாயாவி. நம் மாயாவியேதான், ராணி காமிக்ஸில் மாறி மாறிப் படித்தோமே, மண்டையோட்டு மோதிரம் போட்ட முகமூடி வீரர், இங்கிலீஷில் பேன்டம். 2024-இல் சென்னைக்கு முதல் தடவையாக காமிக் கான், அதாவது காமிக்ஸ் ரசிகர்கள் வேஷம் கட்டிக் கூடுகிற விழா வந்தபோது சின்னவள் தோழிகளோடு போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். வந்ததிலிருந்து தானும் வேஷம் போட வேண்டும் என்று ஒரே நினைப்பு. யாராகப் போவது என்ற பேச்சு வந்தபோது நான்தான் ஜூலியைப் பற்றிச் சொன்னேன். மாயாவி என்பது அப்பாவுக்குப் பிறகு பிள்ளை என்று வழிவழியாக வருகிற வேஷம், நாம் படித்தது 21-ஆவது மாயாவியின் கதைகள். அந்தப் பரம்பரையில் 17-ஆவது மாயாவி அடிபட்டுக் கிடந்த சமயம் அவருடைய இரட்டைச் சகோதரி ஜூலி அதே உடுப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிய கதை ஒன்று உண்டு. அதைக் கேட்டதும், அப்பா எனக்கு இதுதான் வேண்டும் என்று சொல்லிவிட்டாள்.

ஃபோம் வேண்டாம் என்று முடிவு செய்ததும் அவள் சொன்ன ஒரு விஷயத்தால்தான். அங்கே பார்த்தவர்களில் நிறையப் பேர் தலைக்கவசத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தார்களாம், யாராவது போட்டோ கேட்டால் மட்டும் மாட்டிக்கொள்வார்களாம். ஃபோமைக் குறை சொல்ல மாட்டேன். எடை இல்லை, விலை குறைவு, ரோபோ மாதிரி கட்டம் கட்டமான கவசம் செய்வதற்கு அதைவிடச் சுலபமானது எதுவும் கிடையாது. ஆனால் அது வியர்வையை உறிஞ்சாது. நம் ஊர் வெயிலில் காதையும் பிடரியையும் மூடி ஃபோமைப் போட்டுக்கொண்டு யாரால் எவ்வளவு நேரம் நிற்க முடியும்? போட்டால் அன்றைக்கு முழுவதும் கழற்றாமல் இருக்க முடிகிற ஒன்றைச் செய்து கொடுக்க வேண்டும் என்பதுதான் என் ஒரே எண்ணம். ஒவ்வொரு கட்டத்திலும் அதை வைத்தேதான் முடிவெடுத்தேன்.

தோலிலும் எல்லாத் தோலும் இதற்கு ஆகாது. ஷூவின் மேல்பாகத்துக்கு இன்றைக்குப் போவதில் பெரும்பாலும் குரோம் தோல்தான், அதாவது குரோமியம் உப்பில் பதனிட்டது. மிருதுவாக இருக்கும், நனைந்து காய்ந்தாலும் பழைய நிலைக்கே திரும்பிவிடும். ஷூவுக்கு அது நல்லது, தலைக்கவசத்துக்கு அதுதான் இடைஞ்சல், ஒரு வளைவில் பிடித்து வைத்தால் நிற்காது. எனக்கு வேண்டியது மரப்பட்டைச் சாறில் பதனிட்ட தோல். ஆவாரம்பட்டைச் சாறில் ஊறவைத்து, கடைசியில் கடுக்காய்த் தண்ணீரில் போட்டு எடுப்பார்களே, அந்தக் காலத்தில் ஈஸ்ட் இந்தியா லெதர் என்ற பெயரில் மெட்ராஸிலிருந்து கப்பல் கப்பலாகப் போனதே, அதுதான். இப்போது ஆவாரம்பட்டைக்குப் பதில் வாட்டில் மரத்தின் பட்டைச் சாறுதான் அதிகம், ஆனாலும் திண்டுக்கல், திருச்சி, ஈரோடு பக்கம் இன்னும் அந்த வழியில் பதனிடுகிறார்கள். சென்னை பெரியமேட்டில் தோல் கடை கடையாகத் தட்டித் தடவிப் பார்த்து, தலைக்கு 2 மில்லிமீட்டர் கனத்திலும் முகமூடிக்கு இரண்டரை மில்லிமீட்டரிலும் மாட்டுத் தோலாக வாங்கினேன். முதுகுப் பகுதியாகப் பார்த்து எடுத்தேன். வயிற்றுப் பகுதி இழுத்த பக்கமெல்லாம் போகும், வடிவம் நிற்காது.

இன்னொரு காரணமும் இருக்கிறது. உடம்பில் படும் தோல் பொருள்களில் குரோம் சிக்ஸ் (சருமத்துக்கு ஒவ்வாமை தரும் குரோமிய வகை) கிலோவுக்கு 3 மில்லிகிராமை எட்டக் கூடாது என்று ஐரோப்பாவில் 2015 மே மாதத்திலிருந்து சட்டம். எக்ஸ்போர்ட் கம்பெனியில் இருப்பதால் அந்த டெஸ்ட் ரிப்போர்ட்டுகளைப் பார்த்துப் பார்த்தே எனக்குப் பழக்கம். ஒழுங்காகப் பதனிட்ட குரோம் தோல் ஒன்றும் செய்யாதுதான். ஆனால் ஏதோ ஒரு கடையில் எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் கிடக்கும் துண்டை வாங்கி, வியர்வையோடு மணிக்கணக்கில் பெண்ணின் முகத்தில் ஒட்டிக் கிடக்க விடுவதற்கு எனக்கு மனசு வராது.

அளவு எடுப்பதுதான் இதில் பாதி வேலை. இஞ்ச் டேப்பை வைத்துத் தலைச் சுற்றளவு எடுத்தால் அதிலிருந்து தொப்பி தைக்கலாம், தலைக்கவசம் தைக்க முடியாது. தலையில் கிளிங் ஃபிலிமைச் சுற்றி (மூக்கும் வாயும் திறந்தே இருக்க வேண்டும், அதில் கவனம்) அதன்மேல் பேக்கிங் டேப்பைத் துண்டு துண்டாக ஒட்டிக்கொண்டே வந்தால் தலையின் அச்சு அப்படியே வந்துவிடும். அதன்மேலேயே மார்க்கரால் கோடு போட்டேன், நெற்றியிலிருந்து பிடரி வரை நடுவில் ஒரு பட்டை, இரண்டு பக்கத்துக்கும் ஒவ்வொரு துண்டு. பிறகு பின்பக்கமாகக் கத்தரித்துக் கழற்றி, கோட்டோடு வெட்டிப் பரப்பினால் பேட்டர்ன் தயார். ஷூ கட்டையின் (ஷூ செய்வதற்கான கால் வடிவ அச்சு) மேல் டேப் ஒட்டி நாங்கள் தினமும் செய்கிற வேலைதான் இது, கட்டைக்குப் பதில் இங்கே மகளின் தலை.

சின்னவளுக்கு முடி இடுப்பு வரைக்கும் இருக்கிறது என்று உனக்குத் தெரியுமே. மாயாவி படத்தைப் பார்த்து எல்லோரும் செய்கிற அளவில் செய்தால் அந்த முடியை எங்கே வைப்பது? ஜூலியைப் பற்றிப் படித்தபோது இது யாருக்காவது தோன்றியிருக்குமா என்று நினைத்துப் பார்த்தேன். அதனால் அவள் பின்னலைத் தட்டையாகச் சுற்றிப் பிடரிக்கு மேலே ஊசி குத்திக்கொண்ட பிறகுதான் டேப் சுற்றினேன். பின்பக்கம் கொஞ்சம் புடைத்த மாதிரி இருக்கும், பக்கவாட்டில் பார்த்தால் தெரியும். எனக்கு அது பிடித்தே இருக்கிறது. அது ஒரு பெண் போட்டுக்கொள்கிற கவசம், அப்படித்தான் தெரிய வேண்டும். பிடரியில் நீளமாகத் திறப்பு விட்டு ஷூவுக்குக் கட்டுவது போல நாடா கோத்துவிட்டேன். அந்தத் திறப்பு இல்லாவிட்டால் கழுத்தோடு ஒட்டி நிற்கிற எதையும் தலை வழியாக மாட்டவே முடியாது.

வெட்டின துண்டுகளை வெதுவெதுப்பான தண்ணீரில் குமிழி வருவது நிற்கும் வரை ஊறப்போட வேண்டும். சூடு அதிகமாகிவிடக் கூடாது, பட்டைத் தோல் 70, 80 டிகிரியைத் தாண்டினால் சுருங்கி மொடமொடவென்று ஆகிவிடும். ஊறியதும் எடுத்துப் பிளாஸ்டிக் பைக்குள் ராத்திரி முழுக்க வைத்தால் ஈரம் எல்லா இடத்திலும் ஒரே சீராகப் பரவும். மறுநாள் வெளியே எடுத்துக் காற்றில் போட்டால் மேல்பக்கம் பழைய நிறத்துக்குத் திரும்ப ஆரம்பிக்கும், தொட்டால் மட்டும் சில்லென்று இருக்கும். அந்த நேரம்தான் நேரம். பிசைந்த மாவு மாதிரி நீ சொன்னபடி கேட்கும். தெர்மோகோல் தலை ஒன்றை அவள் அளவுக்குத் துணி சுற்றிப் பெரிதாக்கி வைத்திருந்தேன், அதன்மேல் வைத்துக் கட்டைவிரலால் தேய்த்துத் தேய்த்து வளைவைக் கொண்டுவந்தேன். முகமூடியில் மூக்குத்தண்டும் புருவமேடும் அப்படியே விரலிலேயே எழும்பி வந்தன. காய்ந்த பிறகு தட்டினால் டக் டக் என்று சத்தம் வரும், அவ்வளவு கெட்டி.

அந்த ஈரத் தோலில் இரும்பு ஆணியோ குண்டூசியோ படவே கூடாது, பித்தளை ஊசிதான் குத்த வேண்டும். பட்டைச் சாறும் இரும்பும் சேர்ந்தால் கன்னங்கரேல் என்று கறை விழும், அதை எடுக்கவே முடியாது. அப்புறம் யோசித்துப் பார், மாயாவியின் முகமூடி கறுப்பு. அந்தக் கறையையே முகமூடிக்கு நிறமாக ஆக்கினால் என்ன? வினிகரில் இரும்பு நாரைப் போட்டு, மூடியை லேசாகத் திறந்து ஒரு வாரத்துக்கு மேல் வைத்திருந்தேன். முகமூடிக்கு முதலில் கடுக்காயைக் காய்ச்சின தண்ணீரைப் பூசிவிட்டு, அதன்மேல் இந்த வினிகரைத் தடவினேன். பழுப்பாக இருந்த தோல் கண்ணெதிரே சாம்பலாகி, பிறகு நீலம் ஓடிய கறுப்பாக மாறிக்கொண்டே போனது. சின்னவள் மூச்சு விடாமல் பக்கத்தில் நின்று பார்த்தாள். கடுக்காயும் அன்னபேதி என்கிற இரும்பு உப்பும் சேர்த்துப் பெரியவர்கள் மை காய்ச்சினது இதே கணக்குத்தான். பட்டைச் சாறு மட்டும் இருந்தால் கொஞ்சம் பச்சை கலந்த கறுப்பு வரும், கடுக்காய்தான் அந்த நீலக் கறுப்பைக் கொடுக்கும். கடைசியில் சோடா மாவு கரைத்த தண்ணீரில் அலசிப் புளிப்பை எடுத்துவிட்டு, காய்ந்ததும் தேன்மெழுகு தேய்த்தேன். சாயத்தை மேலே பூசினால் வியர்வையில் கன்னத்தில் இறங்கும், இது தோலுக்குள்ளேயே உண்டான நிறம் என்பதால் தேய்த்தாலும் கையில் ஒட்டுவதில்லை.

கண்ணுக்குத்தான் அதிகமாக மெனக்கெட்டேன். மாயாவிக்குக் கண்மணியே வரைய மாட்டார்கள், வெறும் வெள்ளையாக இருக்கும். கிரேக்கச் சிலைகளில் கண்மணி இல்லாததைப் பார்த்துத்தான் அப்படி வைத்ததாக அவரைப் படைத்த லீ ஃபாக் சொல்லியிருக்கிறார். அந்த வெள்ளையும் வேண்டும், அவளுக்குப் படிக்கட்டும் தெரிய வேண்டும். நெருக்கமான வலைத்துணியை எடுத்து வெளிப்பக்கம் மட்டும் வெள்ளை பெயின்ட் தொட்டுத் தொட்டு ஒற்றி, உள்பக்கம் கறுப்பாகவே விட்டேன். எதிரே நிற்பவருக்கு வெள்ளைக் கண், போட்டிருப்பவருக்கு எல்லாம் தெரியும். கண் ஓட்டையை மேஜையில் வைத்து அளந்து வெட்டவில்லை. முகமூடியை அவள் முகத்தில் வைத்து, அவள் நேரே பார்க்கும்போது கண் எங்கே இருக்கிறது என்று பென்சிலால் குறித்து, முதலில் சின்னதாக வெட்டி, கீழே பாதம் தெரிகிறதா என்று கேட்டுக் கேட்டுக் கீழ்ப்பக்கம் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாக்கினேன். கண்ணைச் சுற்றியும் மூக்கிலும் ஓரத்தை உள்பக்கமாகச் சீவி மெல்லிசாக்கிவிட்டேன், இல்லாவிட்டால் அரை மணி நேரத்தில் மூக்குத்தண்டு சிவந்துவிடும்.

தையல் முழுக்கக் கைத்தையல். மெழுகு போட்ட நூலில் இரண்டு முனையிலும் ஊசி கோத்து, ஒரே ஓட்டையில் இரண்டு பக்கமிருந்தும் விட்டு இழுப்பது. மெஷின் தையலில் ஒரு இடம் அறுந்தால் வரிசையாகப் பிரிந்துகொண்டு போகும், இதில் போகாது. காது வருகிற இடத்தில் பழைய விமானிகளின் தோல் தொப்பியில் இருந்தது போலச் சின்னச் சின்ன ஓட்டைகள் போட்டேன், காதும் கேட்கும், காற்றும் போகும். உள்ளே காட்டன் லைனிங், பிரஸ் பட்டனில் மாட்டியிருப்பதால் கழற்றித் துவைத்துக்கொள்ளலாம். முகமூடியும் நெற்றிப்பொட்டுப் பக்கத்தில் பிரஸ் பட்டன்தான், தண்ணீர் குடிக்கவோ முகம் துடைக்கவோ ஒரு இழுப்பில் வந்துவிடும்.

நிறத்தைப் பற்றி வீட்டில் பெரிய விவாதமே நடந்தது. 1936-இல் மாயாவி பத்திரிகையில் வர ஆரம்பித்தபோது கறுப்பு வெள்ளைதான். 1939-இல் ஞாயிற்றுக்கிழமைக் கலர்ப் பக்கம் வந்தபோது அமெரிக்காவில் ஊதா ஆனார், ஸ்வீடன் பக்கம் நீலம், இத்தாலியில் சிவப்பு. சின்னவள் ஊதாவில் உறுதியாக நின்றுவிட்டாள். பட்டைத் தோலின் மஞ்சள் கலந்த பழுப்பின் மேல் ஊதாச் சாயத்தை நேராகப் போட்டால் மண் நிறம் அடிக்கும், அதனால் முதலில் மெல்லிசாக நீலம் ஓட்டி, அதன்மேல் ஊதாவைத் துணியால் பல தடவை தேய்த்து ஏற்றினேன். மேலே வியர்வை தாங்க அக்ரிலிக் ஃபினிஷ். வெயிலில் கத்தரிப்பூ நிறம், நிழலில் கிட்டத்தட்ட கறுப்பு.

போன ஞாயிற்றுக்கிழமை அவள் கல்லூரி விழாவுக்குக் காலையில் போட்டுக்கொண்டு போனவள், மதியம் சாப்பிடும்போதுதான் முகமூடியைக் கழற்றினாளாம், தலைக்கவசத்தைச் சாயங்காலம் வீட்டுக்கு வந்துதான். நெற்றியில் லைனிங் தடம் லேசாக இருந்தது, மற்றபடி எங்கேயும் உரசல் இல்லை. எனக்கு அது போதும் மச்சான், ரொம்ப நாளைக்குப் பிறகு மனசு நிறைந்த வேலை. மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பிளாஸ்டிக் கவரில் கட்டி வைக்காதே, துணிப்பையில் போட்டுக் காற்று படுகிற இடத்தில் வை என்று சொல்லியிருக்கிறேன்.

அடுத்தது பெல்ட். மண்டையோட்டு பக்கிளும் இரண்டு பக்கமும் துப்பாக்கி உறையும் செய்ய வேண்டும், உறைக்கு இதே தோலில் மீதி இருக்கிறது. உன்னிடம் இருக்கும் பழைய ராணி காமிக்ஸ் கட்டைப் பரணிலிருந்து இறக்க முடிந்தால், மாயாவி பக்கவாட்டில் நின்று உறை முழுசாகத் தெரிகிற படம் ஏதாவது இருக்கிறதா என்று பார். உறையின் மேல்மூடியும், தொடையில் வார் கட்டியிருக்கிறதா இல்லையா என்பதும்தான் எனக்குத் தெரிய வேண்டும். போனில் எடுத்து அனுப்பினால் போதும். அவசரமில்லை, அம்மா கொஞ்சம் தேறட்டும்.

அன்புடன்,
உன் மச்சான்